பேன்சி நம்பர்: நல்ல தமிழில் என்ன சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் மதுரை பாண்டி கோயில் வாசலுக்குப் போனால் புது வண்டிகள் மாலையோடு நிற்பதைப் பார்க்கலாம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, பூசணிக்காய் உடைத்தாயிற்று. வண்டி என்ன விலை என்று கேட்பதற்கு முன்னால் சொந்தக்காரர்கள் கேட்பது வேறு. "நம்பரு வந்துருச்சா மாப்ள? பேன்சியா?"

இந்தப் 'பேன்சி' நமக்குப் புதிதில்லை. வளையலும் ஸ்டிக்கர் பொட்டும் விற்பது பேன்சி ஸ்டோர். பட்டுமில்லாமல் பருத்தியுமில்லாமல் மினுங்குவது பேன்சி சேலை. தீபாவளிக்குச் சிவகாசிப் பட்டாசு வாங்கப் போனால், சரவெடியும் புஸ்வாணமும் ஒரு பக்கம், வானத்தில் போய்ப் பூப்பூவாய் விரிகிற 'பேன்சி ரகம்' இன்னொரு பக்கம். ஆக, நம் பேச்சில் இந்தச் சொல்லுக்குப் பொருள் 'அன்றாடத்துக்கு இல்லாதது, கண்ணைப் பறிப்பது' என்று ஆகிவிட்டது. 1111, 9999, 0007 என்று பளிச்சென்று தெரிகிற எண்ணுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆங்கிலத்தில் இதன் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. 'பேன்டசி' என்ற சொல் தேய்ந்து குறுகியதுதான் 'பேன்சி'. அது பிரெஞ்சு, லத்தீன் வழியாகக் கிரேக்கத்தின் 'பன்டாசியா'வுக்குப் போகிறது. மனக்கண்ணில் தோன்றுவது, கற்பனை என்று பொருள். 'தோன்றச் செய்' என்ற வினை அதற்கும் அடியில். கற்பனையிலிருந்து மனம்போன ஆசை, ஆசையிலிருந்து விருப்பம், அதற்கும் பிறகுதான் அலங்காரம் என்று பொருள் நகர்ந்தது. நாம் கடைசிப் பொருளை மட்டும் கடன் வாங்கியிருக்கிறோம்.

இங்கேதான் மொழிபெயர்ப்புகள் சறுக்குகின்றன. 'கவர்ச்சி எண்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. கவர்ச்சி என்றாலே சினிமா போஸ்டர் வாடை அடிக்கிறது, எனக்குப் பிடிப்பதில்லை. 'அலங்கார எண்' அதைவிட மோசம். எண்ணை அலங்கரிப்பது சட்டப்படியே தப்பு. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 50ஆம் விதி, எழுத்து ஆங்கிலத்திலும் இலக்கம் 1, 2, 3 என்ற வழக்கமான வடிவிலும் இருக்க வேண்டும், வேறு பெயரோ படமோ கூடாது என்கிறது. தமிழ்ப்பற்றில் 58ஐ '௫௮' என்று எழுதி ஓட்டினாலும் அபராதம்தான். 8055ஐ வளைத்து நெளித்து 'பாஸ்' என்று படிக்க வைப்பதற்கும் அதே கதி.

'ராசி எண்' என்பது தனிக் கதை. கூட்டுத்தொகை 5 வரணும், 9 வரணும், எட்டு மட்டும் வந்துவிடக் கூடாது என்று விரல்விட்டுக் கூட்டுகிறவர்களுக்கு 2358 போதும். 2+3+5+8 பதினெட்டு, 1+8 ஒன்பது. பார்க்கிறவன் கண்ணுக்கு அது வெறும் எண். அழகர்கோயில் பதினெட்டாம்படி கருப்பைக் கும்பிடுகிறவர்கள் 0018 கேட்டால் அதில் சாமியும் இருக்கிறது, கூட்டினால் ஒன்பதும் இருக்கிறது. 786 கேட்கிற இஸ்லாமியக் குடும்பங்களுக்கும் அது பகட்டு இல்லை. இவற்றை எல்லாம் அடக்குகிற பொதுச்சொல் 'விருப்பம்'தான்.

என் பரிந்துரை: விருப்பெண். விருப்பு + எண். சொன்னதும் நண்பர் ஒருவர், "வண்டிக்கு நம்பர் பாக்குறியா, பெண் பாக்குறியா?" என்று சிரித்தார். மதிப்பு + எண் மதிப்பெண் ஆகி, பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருக்கிறதே, அதில் யாராவது பெண்ணைப் பார்த்தார்களா? அதே புணர்ச்சிதான். 'பதிவெண்' ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் 'விருப்பப் பதிவெண்' என்று விரித்தும் எழுதலாம். இன்னொரு லாபமும் உண்டு. தமிழில் 'எண்' என்றால் கணக்கு மட்டுமில்லை, நினைப்பும்தான். எண்ணம், எண்ணுதல் எல்லாம் அதே வேர். கற்பனை என்ற கிரேக்கப் பொருள் நம் 'எண்'ணுக்குள்ளேயே சும்மா உட்கார்ந்திருக்கிறது.

அமெரிக்காவில் இதையே 'வேனிட்டி' தகடு என்கிறார்கள். வேர், 'வெறுமை' என்ற பொருளுடைய லத்தீன் சொல். மதுரைக்காரன் 'பந்தா நம்பர்' என்றால் ஏறக்குறைய அதுதான். பிரிட்டனில் வழங்கும் 'செரிஷ்டு' எண் என்பது இன்னும் அழகு. அதன் அடியில் இருக்கிற பிரெஞ்சுச் சொல் 'ஷேர்'. அன்புக்குரியது, விலை கூடியது என்று இரண்டும் அதன் பொருள். நம் 'அருமை' நெருங்கி வருகிறது. கிடைப்பதற்கு அரியதும் அருமை, நேசிப்பதும் அருமை. அரிது என்பதற்குக் கணக்கே சாட்சி. ஒரு வரிசையில் இருப்பது 9,999 எண்கள். அதில் நான்கு இலக்கமும் ஒன்றாக வருபவை ஒன்பதே ஒன்பது.

பிரிட்டனில் 1903ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டம் எண்ணைக் கட்டாயமாக்கியபோதே லண்டனில் 'ஏ 1' யாருக்கு என்ற ஆசை தொடங்கிவிட்டது. ரஸ்ஸல் பிரபு வாங்கினார். 1989 முதல் அந்த நாட்டு வாகனத் துறையே விற்கிறது. 2014இல் '25 ஓ' என்ற எண் ஐந்து லட்சம் பவுண்டைத் தாண்டியது. துபாயில் 2023இல் 'பி 7' போனது 5.5 கோடி திர்ஹாமுக்கு!

இவ்வளவு கொடுத்தவர் அந்த எண்ணின் 'உரிமையாளர்' ஆகிறாரா? சொல் விளக்கத்தில் நான் நின்று பார்க்க விரும்புவது இதைத்தான். தமிழில் உடைமை வேறு, உரிமை வேறு. பிரிட்டனில் காசு கொடுத்தாலும் கிடைப்பது ஒரு வண்டிக்கு அந்த எண்ணைச் சூட்டிக்கொள்ளும் உரிமை மட்டுமே. எண் அரசுடையது. ஆனால் அந்த உரிமையை வண்டியிலிருந்து கழற்றி வைக்க அங்கே வழி உண்டு. 80 பவுண்டு கட்டினால் பத்து ஆண்டுக்குச் சான்று. விபத்தில் வண்டி தேறாது என்று காப்பீட்டு நிறுவனம் எடுத்துக்கொள்வதற்கு முன்பே 'எண் எனக்கு வேண்டும்' என்று சொல்லிவிட வேண்டும். மறந்தால் எண்ணும் அவர்களோடு போய்விடும். இதற்கு 'எண் தக்கவைப்பு' என்பது பொருந்தும்.

நம் ஊரில் பொதுவாக எண் வண்டியோடு போகும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகக் குறியீடு மதுரை தெற்கின் 58, வடக்கின் 59, மத்தியின் 64 எதுவானாலும் சரி. எங்கள் மாமா பழைய காரை விற்றபோது விலையைப் பற்றிக் கவலைப்படவில்லை. "நம்பரக் குடுத்துப்புட்டேனேடா" என்றுதான் ஒரு வாரம் புலம்பினார்.

'நம்பர் பிளேட்'டுக்கு 'எண் பலகை' என்று எழுதுகிறார்கள். பலகை என்றால் மரத்தின் நினைவு வருகிறது. அலுமினியத்துக்குத் தகடு என்பதே சரி. அதிலும் மதுரைப் பக்கம் தகடு என்றால் தனிக் கனம். செப்புத் தகட்டில் கட்டம் போட்டு எண்ணும் எழுத்தும் கீறி, நிலைவாசலில் காப்புக்காகப் பதிக்கிறார்களே, அதுவும் எண் தகடுதானே?

இப்போதைய காப்பு வேறு மாதிரி. 2019 ஏப்ரல் 1 முதல் வந்த புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்புப் பதிவெண் தகடு கட்டாயம். அசோகச் சக்கரம் பொறித்த 20 மில்லிமீட்டர் முத்திரை, லேசரில் கீறிய நிரந்தர எண், கழற்றினால் உடைந்துபோகிற பூட்டு. தகடு திருடு போனால் முதலில் போலீஸ் புகார், பிறகுதான் புதுத் தகடு. மனப்பாடம் ஆகிற எண்ணைப் போலியாக மாட்டுகிறவனும் எளிதாக மனப்பாடம் செய்துகொள்வான். போகாத ஊரிலிருந்து அபராத ரசீது வந்தால், அன்று நம் வண்டி கப்பலூர் சுங்கச்சாவடியைக் கடந்ததற்கான பாஸ்டேக் பதிவு கைகொடுக்கும். விற்கும்போது 14 நாளுக்குள் பெயர் மாற்றத்தை அலுவலகத்துக்குத் தெரிவிப்பதும் காப்புதான். இல்லாவிட்டால் வண்டி வாங்கியவரிடம் எண், நம்மிடம் வழக்கு.

மாமா இப்போது வேறு வண்டி வைத்திருக்கிறார், வந்த நம்பரை வாங்கிக்கொண்டார். ஆனாலும் சிம்மக்கல்லில் நின்று டீ குடிக்கும்போது, பழைய மாடல் வெள்ளைக் கார் எது போனாலும் கழுத்தைத் திருப்பித் தகட்டைத்தான் பார்க்கிறார்.