கர்ட்டன் வால்: கண்ணாடிச் சுவரும் அல்ல, திரைச்சுவரும் அல்ல

உயரமான கட்டடம் ஒன்றின் முகப்பிலிருந்து நாலு கண்ணாடி பெயர்ந்து விழுந்தால் போதும், மறுநாள் செய்தியில் ‘கண்ணாடிச் சுவர் இடிந்து விழுந்தது’ என்று வந்துவிடுகிறது. எதுவும் இடியவில்லை. இடிவதற்கு அந்தச் சுவர் எதையும் தாங்கிக்கொண்டு நிற்கவே இல்லை. ‘சுவர் இடிந்தது’ என்று படிப்பவர் கட்டடமே ஆடிப்போய்விட்டது என்று பயப்படுகிறார். கண்ணாடியைப் பிடித்திருந்த சட்டத்திலோ, பசையிலோ, கொக்கியிலோ என்ன கோளாறு என்று கேட்க அவருக்குத் தோன்றுவதில்லை. கட்டடத்தின் எடையைத் தாங்காமல் தூண்களுக்கு வெளியே மாட்டும் இந்த முகப்புக்கு ஆங்கிலத்தில் கர்ட்டன் வால் என்று பெயர். அந்த ஒரு சொல்லைத் தமிழில் விருப்பம்போல் பெயர்த்துவைத்ததால் வந்த வினை இது.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ‘கோர்ட்டினா’ என்ற இலத்தீன் சொல் பழைய பிரெஞ்சு வழியாக ‘கர்ட்டன்’ ஆனது, பொருள் திரைச்சீலை. கோட்டை கட்டியவர்கள் இரண்டு கொத்தளங்களுக்கு நடுவே ஓடும் மதிலையும் இதே பெயரால் அழைத்தார்கள். அந்தச் சுவர் பீரங்கிக் குண்டையே தாங்கவேண்டியது. இன்றைய கர்ட்டன் வாலோ தன் எடையையும் காற்றையும் தவிர வேறெதையும் தாங்காதது. பெயர் ஒன்று, வேலை நேரெதிர். ஆகவே கோட்டை வரலாற்றில் இந்தச் சொல் வந்தால் ‘மதில்’ என்று எழுதுங்கள், போதும். அங்கேயும் ‘திரைச்சுவர்’ என்று போடுவது அகராதியை மட்டும் புரட்டிவிட்டு கோட்டையைப் பார்க்காதவர் செய்கிற வேலை.

இந்தச் சுவர் எதற்காக வந்தது என்று பார்க்க சிகாகோவின் மொனாட்நாக் கட்டடம் ஒன்றே போதும். 1891-இல் முடிந்த அதன் வடபாதியில் 16 மாடிகளின் எடையையும் செங்கல் சுவர் சுமக்கிறது. அதனால் தரைமட்டத்தில் சுவரின் தடிமன் 6 அடி. தெருவோரத்தில் கடை வைக்கவேண்டிய விலையுயர்ந்த இடத்தைச் சுவரே தின்றுவிட்டது. இரண்டே ஆண்டில், 1893-இல், சேர்த்துக் கட்டிய தென்பாதியில் எஃகுச் சட்டகம் எடையை வாங்கிக்கொண்டது, வெளிச்சுவர் மெலிந்தது. சுமை தூணுக்குப் போன பிறகு வெளிச்சுவரைத் தூணுக்கு முன்னால் கொண்டுபோய் மாட்டிவிடலாம் என்பது அடுத்த படி. சான் பிரான்சிஸ்கோவில் கட்டடக் கலைஞர் வில்லிஸ் போக் 1918-இல் கட்டிய ஹாலிடீ கட்டடத்தில் முழு முகப்பும் தூண்களுக்கு முன்னால் நிற்கும் கண்ணாடிதான்.

மாட்டுவது என்று சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இன்றைய உயர்ந்த கட்டடங்களில் பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே கண்ணாடி பதித்து முடித்த பலகங்கள்தான் வருகின்றன. ஒரு மாடி உயரம், ஒன்றரை மீட்டர் போல அகலம். தளத்தின் விளிம்பில் கான்கிரீட் ஊற்றும்போதே ஒரு எஃகுக் காடியைப் புதைத்துவிடுவார்கள். அதில் ஒரு தாங்கியை முடுக்குவார்கள். மேல்கீழ், இடவலம், உள்வெளி என்று மூன்று திசையிலும் அதை நகர்த்திச் சரிசெய்யலாம், ஏனென்றால் கான்கிரீட் விளிம்பு ஒருநாளும் நூல் பிடித்தாற்போல் இருக்காது. கிரேனில் இறங்கும் பலகத்தின் தலையில் உள்ள கொக்கி அந்தத் தாங்கியில் உட்காரும். ஆணியில் படம் மாட்டுவதுபோலத்தான். பலகத்தின் கால் கீழே உள்ள பலகத்தின் தலையில் செருகி நிற்கும், ஆனால் அதன்மேல் எடையை இறக்காது. நடுவே 15 முதல் 25 மி.மீ. வரை இடைவெளி விட்டு ரப்பர் பட்டையால் மூடியிருப்பார்கள்.

அந்த இடைவெளியில்தான் எல்லாம் இருக்கிறது. மூன்றரை மீட்டர் நீள அலுமினியச் சட்டம் 50 டிகிரி வெப்ப மாற்றத்தில் 4 மி.மீ.க்குச் சற்று மேல் நீளும். அதற்குள் இருக்கும் கண்ணாடி ஒன்றரை மி.மீ.தான் நீளும். மேல்தளத்தில் ஆட்களும் அலமாரிகளும் ஏறினால் தளவிளிம்பு சில மி.மீ. தாழும். இடைவெளியைக் கஞ்சத்தனமாக விட்டால் பலகம் பலகத்தை முட்டும், கண்ணாடியின் மூலை சில்லு தெறிக்கும். தாராளமாக விட்டுவிட்டு ரப்பரை மலிவாகப் போட்டால் மழைநீர் உள்ளே வரும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது மாடிக்கு மாடி ஓடும் ஒரு கருப்புக் கோடு. மெல்லிய கோடு வேண்டும் என்று அடம்பிடிக்கும் கட்டடக் கலைஞருக்கும் அகலக் கோடு கேட்கும் பொறியாளருக்கும் ஓயாத சண்டை.

இப்போது பெயர்களை எடைபோடுவோம். ‘கண்ணாடிச் சுவர்’ எந்தப் பொருளால் ஆனது என்பதைச் சொல்கிறது, என்ன வேலை செய்கிறது என்பதைச் சொல்வதில்லை. அலுவலக அறைக்குள்ளே இருக்கும் தடுப்பும் கண்ணாடிச் சுவர்தான், குளியலறையில் கண்ணாடிக் கட்டிகளை அடுக்கிக் கட்டுவதும் கண்ணாடிச் சுவர்தான். மறுபுறம், கல்லோ அலுமினியத் தகடோ பதித்த கர்ட்டன் வால்களும் உண்டு. அவற்றை என்னவென்று அழைப்பது? இந்தப் பெயரை இதற்குமேல் வாதாடி வீழ்த்தத் தேவையில்லை.

‘திரைச்சுவர்’ அப்படி எளிதில் வீழாது. கலைச்சொல் ஆர்வலர்கள் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றும் சொல் அது. ஆங்கிலத்தில் கர்ட்டன், தமிழில் திரை. அவர்கள் கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆனால் திரை என்ற சொல் இன்றைய தமிழில் எங்கே போய்விட்டது என்று பாருங்கள். திரையரங்கு, திரைப்படம், தொடுதிரை, கணினித்திரை. துணித்திரை என்ற பொருளைச் சினிமா என்றோ விழுங்கிவிட்டது. ‘கட்டடத்தின் திரைச்சுவர்’ என்று எழுதினால் வாசகர் மனதில் வருவது விளம்பரம் ஓடும் ராட்சத மின்திரை. அதுவும் இன்று உயர்ந்த கட்டடங்களில் உண்மையிலேயே இருக்கிறது என்பதுதான் தொல்லை. போதாததற்கு, காற்று வர ஓட்டைவிட்டுக் கட்டும் மறைப்புச் சுவர் ஒன்று கட்டடத் துறையில் தனியாக உண்டு. திரைச்சுவர் என்ற பெயர் உண்மையில் அதற்குத்தான் பொருந்தும்.

துணித்திரைக்குப் பழந்தமிழில் ‘எழினி’ இருக்கிறதே, எழினிச்சுவர் என்று வைக்கலாமே என்பார் தனித்தமிழ் அன்பர். சிலப்பதிகார அரங்கில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று வகை உண்டு, அழகான சொல்தான். ஆனால் சாரத்தில் நின்று சட்டம் மாட்டும் ஃபேப்ரிகேட்டரிடம் போய் எழினிச்சுவர் என்றால் அவர் கூப்பிடுவது யாரை என்று திரும்பிப் பார்ப்பார். தூய்மை வேண்டியதுதான், ஆனால் சொல்லுக்கு முதல் வேலை புரிவது.

எழினியோ திரையோ, அடிப்படைத் தவறு ஒன்றேதான். திரை என்றாலே மறைப்பது. இந்தச் சுவரின் இயல்பு மறைப்பது அன்று, தொங்குவது. ஆங்கிலம் திரைச்சீலையிலிருந்து எடுத்துக்கொண்டதும் அந்தத் தொங்கலைத்தான். மொழிபெயர்ப்பாளர் உவமையின் தோலை எடுத்துக்கொண்டு பருப்பை விட்டுவிட்டார். ஆகவே என் சொல் ‘தொங்குசுவர்’. தொங்குபாலம் நம்மிடம் நெடுநாளாக இருக்கிறது, தொங்கு சட்டசபைகூட வந்துவிட்டது. வினைத்தொகை என்பதால் நடுவே ‘ச்’ போடக்கூடாது; ‘தொங்குச்சுவர்’ என்று எழுதுவது ‘ஊறுக்காய்’ என்று எழுதுவதைப் போன்றது.

மறுப்புகள் உண்டு. நிலவியலில் பாறைப் பிளவின் மேற்பக்கத்துக்கு இதே பொருளில் ஒரு சொல் இருக்கிறது. சுரங்கமும் முகப்பும் ஒரே பத்தியில் வரும் நாளில் அதைப் பார்த்துக்கொள்ளலாம். ‘தொங்கு’ என்றால் வாங்குபவர் பயப்படுவார் என்பது அடுக்ககம் விற்பவர் கவலை, மொழியின் கவலை அல்ல. ‘சுமைதாங்காச் சுவர்’ என்று கேட்பவருக்கு மட்டும் ஒரு கணக்கு: 6 மி.மீ. கண்ணாடி இரண்டு சேர்ந்த இரட்டைக் கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ. மேலே சொன்ன பலகத்தில் கண்ணாடி மட்டுமே 150 கிலோவைத் தாண்டும். 2 கிலோபாஸ்கல் காற்று அழுத்தினால் அதே பலகத்தின்மேல் ஒரு டன்னுக்கு மேல் விசை. இதையா சுமைதாங்காதது என்பது? கட்டடத்தின் சுமையைத்தான் அது தாங்குவதில்லை.

பெயர் சரியாக இருந்தால் குறையைச் சரியான இடத்தில் தேடலாம். பாஸ்டனின் ஜான் ஹான்காக் கோபுரம் 60 மாடி. ஒவ்வொன்றும் 500 பவுண்டு எடையுள்ள 10,344 கண்ணாடிகள். 1973 தொடக்கத்திலிருந்து அவை உடைந்து விழத் தொடங்கின. ஓட்டைகளை ஒட்டுப்பலகை வைத்து மூடியதில் கோபுரத்துக்கு ‘ஒட்டுப்பலகை மாளிகை’ என்று பட்டப்பெயரே வந்தது. கோபுரம் காற்றில் ஆடியதும் உண்மை, ஆனால் அது தனிக் கோளாறு. 58-ஆம் மாடியில் 300 டன் எடை இரண்டு வைத்து அந்த ஆட்டத்தை அடக்கினார்கள். கண்ணாடி உடைந்ததற்குக் காரணம் இரட்டைக் கண்ணாடியின் விளிம்பு. இரண்டு கண்ணாடிக்கும் நடுவே இருந்த ஈயப் பட்டையைப் பற்றவைத்த இணைப்பு துளியும் நெகிழவில்லை. வெயிலிலும் காற்றிலும் கண்ணாடி அசைய அசைய, இணைப்பு கண்ணாடியையே கீறிவிட்டது. கடைசியில் அத்தனையையும் கழற்றி ஒற்றைக் கடினக் கண்ணாடி மாட்டினார்கள். சுவர் முழுவதையும் கழற்றி மாட்டும்போதும் கோபுரம் தன்பாட்டில் நின்றது. இது தொங்குசுவர் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

நியூயார்க்கில் 1952-இல் எழுந்த லீவர் ஹவுஸ் அலுவலகக் கட்டடத்தின் கதையும் இதே வகைதான். துருவேறா எஃகு மூடிக்குப் பின்னால் தண்ணீர் கசிந்தது. உள்ளே இருந்த சாதாரண எஃகு துருப்பிடித்துப் பருத்தது, பருத்த சட்டம் கண்ணாடியை நெரித்து உடைத்தது. அரை நூற்றாண்டு ஆவதற்குள் முழு முகப்பையும் கழற்றி, பார்வைக்கு அதே மாதிரி புதிதாக மாட்டவேண்டியதாயிற்று.

சுவரைத் தூணுக்கு நடுவே அடைப்பதும் வெளியே மாட்டுவதும் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதற்கு, சிகாகோவில் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ 1951-இல் முடித்த 860–880 லேக் ஷோர் டிரைவ் என்ற இரட்டை அடுக்குமாடிக் கோபுரங்களைப் பாருங்கள். இரு தூண்களுக்கு நடுவே நான்கு சன்னல்கள். நடு இரண்டும் அகலம், ஓரத்து இரண்டும் ஒடுக்கம். நெடுஞ்சட்டங்களைச் சம இடைவெளியில் வைத்தார், ஆனால் கண்ணாடி தூண்களின் வரிசையிலேயே இருந்ததால் தூணின் பருமன் ஓரத்துச் சன்னலைத் தின்றுவிட்டது. பக்கத்திலேயே பிறகு கட்டிய 900–910 கட்டடங்களில் முகப்பைத் தூண்களுக்கு வெளியே தள்ளி மாட்டினார். எல்லாச் சன்னலும் ஒரே அளவாயின. முன்னது தூணுக்கு நடுவே அடைத்த சுவர், பின்னது முழுத் தொங்குசுவர். ‘கண்ணாடிச் சுவர்’ என்றே இரண்டையும் அழைத்தால் இந்த வேறுபாட்டைச் சொல்லவே வழியில்லை.

அதேபோல் வெளியே தெரிவதெல்லாம் தொங்குசுவரும் அல்ல. நியூயார்க்கின் 432 பார்க் அவென்யூவில் 426 மீட்டர் உயரத்துக்கும் தெரியும் வெள்ளைக் கான்கிரீட் கட்டங்கள் முகப்பு மட்டுமல்ல, கட்டடத்தின் எலும்பும் அவைதான். அங்கே விரிசல் தெரிந்தால் எழும் கேள்வியே வேறு. லண்டனில் 2017-இல் 72 உயிர்களைக் கொண்டுபோன கிரென்ஃபெல் கோபுரத்தில் எரிந்தது பழைய கான்கிரீட் முகப்பின்மேல் பின்னாளில் போர்த்திய வெப்பக்காப்பும் தகடும். நடுவில் பாலிஎத்திலீன் வைத்த அலுமினியத் தகடு அது. நம் ஊர்க் கடைகளில் ‘ஏசிபி ஷீட்’ என்று கேட்டு வாங்குவதும் இந்தக் குடும்பம்தான். அதற்கு ‘மேலுறை’ என்ற தனிச்சொல் போதும். மேலுறையைக் கழற்றினால் பின்னால் ஒரு சுவர் இருக்கும். தொங்குசுவரைக் கழற்றினால் இருப்பது வெட்டவெளி.

சென்னையில் இந்த வேலையை ‘ஸ்ட்ரக்சுரல் கிளேசிங்’ என்பார்கள், அல்லது ஒரே சொல்லில் ‘எலிவேஷன்’. பேச்சில் அப்படியே இருக்கட்டும், யாருக்கும் நட்டமில்லை. எழுத்தில் அதைக் ‘கட்டமைப்புக் கண்ணாடி’ ஆக்கும்போதுதான் கெடுகிறது; கண்ணாடி கட்டடத்தைத் தாங்குவதுபோல் ஆகிவிடுகிறது. அங்கே தாங்குவது சிலிகோன் பசை. வெளியே சட்டம் தெரியாமல் கண்ணாடியைப் பிடித்து, காற்றின் விசையைச் சட்டத்துக்குக் கடத்துவது அதுதான். ‘பசைப்பிடிக் கண்ணாடி’ என்றால் குழப்பமில்லை. பசையின் பட்டை அகலம் என்ன, ஒட்டுமுன் சட்டத்தைத் துடைத்தார்களா, ஈரத்தில் ஒட்டினார்களா என்று கேட்கத் தோன்றும்.

தொங்கவிடுவதால் தளத்தின் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சந்து கட்டாயம் உண்டு. மாடிக்கு மாடி அதைப் பாறைக்கம்பளியால் (பாறையை உருக்கி இழையாக்கியது) இறுக்கி அடைத்து, மேலே புகை நுழையாத பூச்சு பூசவேண்டும். இல்லாவிட்டால் கீழ்மாடித் தீ அந்தச் சந்து வழியே மேலேறும். ஆங்கிலத்தில் ‘ஃபயர் ஸ்டாப்’ எனப்படும் இதற்குத் ‘தீ நிறுத்தம்’ என்று பெயர் வைத்தால் அங்கே நின்று பேருந்துக்குத்தான் காத்திருக்கவேண்டும். ‘தீயடைப்பு’ என்று எழுதுங்கள், கொத்தனாருக்கும் புரியும்.