ஃபைல அழிச்சாச்சு, இடம் எங்க போச்சு?

போன மாசம் ஒரு சனிக்கிழமை, மத்தியானம் சாப்பிட உக்காரும்போது எங்க லினக்ஸ் குரூப்ல ஒரு தம்பி மெசேஜ் போட்டான். அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு சின்ன கம்பெனில சிஸ்டம் அட்மின், அட்மின்னா சர்வர்லேர்ந்து பிரின்டர் டோனர் வரைக்கும் எல்லாமே இவன் தலையிலதான். "அண்ணா, டிஸ்க் ஃபுல், பில் ஏற மாட்டேங்குது, வெளிய லாரி நிக்குது. 22 ஜிபில ஒரு லாக் ஃபைல் இருந்துச்சு, ஆர்எம் போட்டு தூக்கிட்டேன், அப்பவும் ஃபுல்லுன்னே காட்டுது. ரிச்சி ஸ்ட்ரீட் போய் புது எஸ்எஸ்டி வாங்கிட்டு வந்துடட்டுமா?" (லாக்னா ஒரு ப்ரோக்ராம் தான் செய்யறதெல்லாம் எழுதி வெக்கிற டைரி, ஆர்எம்னா ஃபைல அழிக்கற கமாண்ட்.)

எங்கயும் போகாத, டிஎஃப், டியூ ரெண்டும் அடிச்சு அனுப்புன்னேன், ரெண்டுமே டிஸ்க்ல எவ்ளோ எடம் போயிருக்குன்னு காட்டற கமாண்ட். அதுக்குள்ள ஒருத்தர் ஃபைல்சிஸ்டம் (டிஸ்க்ல ஃபைல்கள அடுக்கி வெக்கிற ஏற்பாடு) கரப்ட் ஆயிருக்கும்னாரு, இன்னொருத்தர் ரீபூட் பண்ணு சரியாயிடும்னாரு (அவர் சொன்னது தப்பில்ல, நிஜமாவே சரியாயிருக்கும், ஆனா ஏன்னு அவருக்கே தெரியாது). தம்பி அனுப்பினதுல டிஎஃப் சொன்னது: மொத்தம் 39 ஜிபி, யூஸ் ஆனது 37, மிச்சம் 0. டியூ சொன்னது: எல்லா ஃபோல்டரும் சேத்து 15 ஜிபிதான். 37ல 15 போனா 22. அழிச்ச ஃபைலோட சைஸும் 22. அழிச்சது அழியவே இல்லன்னு அங்கயே தெரிஞ்சுபோச்சு.

ஒரு ஃபைலுக்கு நாம வெக்கிற பேரு அந்த ஃபைலுக்குள்ள இருக்குன்னுதான் நிறைய பேர் நெனச்சுட்டு இருக்கோம். இல்ல. லினக்ஸ்ல ஃபைல்னா அது நம்பர் போட்ட ஒரு பதிவு, அதுக்கு ஐநோட்னு பேரு. ஃபைலோட சைஸ், யாரோடது, யார் தொடலாம், கடைசியா எப்ப மாறுச்சு, அதோட டேட்டா டிஸ்க்ல எந்தெந்த பிளாக்ல (டிஸ்க்க பிரிச்சு வெச்ச துண்டு) கெடக்கு, எல்லாம் அந்த ஐநோட்ல இருக்கும், பேரு மட்டும் இருக்காது. பேரு இருக்கறது ஃபோல்டர்ல. ஃபோல்டர்ங்கறது "இந்த பேருன்னா இந்த நம்பர்"னு எழுதி வெச்ச ஒரு லிஸ்ட், அவ்ளோதான், அதுக்கு மேல அதுல ஒண்ணும் கெடையாது.

இந்த ஏற்பாடு லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் காலத்துலேர்ந்து வருது, 1974ல கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் பத்தி எழுதின பேப்பர்லயே இருக்கு. ஐநோட்ல அந்த 'ஐ' எதுக்குன்னு பின்னாடி ரிச்சி கிட்டயே கேட்டிருக்காங்க, மனுஷன் எனக்கும் சரியா தெரியல, இண்டெக்ஸா இருக்கலாம்னு சொல்லிட்டாரு. (நம்ம மவுண்ட் ரோடு பக்கத்து ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கும் இவருக்கும் சம்பந்தம் கெடையாது, நானும் காலேஜ்ல படிக்கும்போது இருக்கும்னுதான் நம்பிட்டு இருந்தேன்.)

டெர்மினல் (கமாண்ட் அடிக்கற விண்டோ) இருந்தா இத ஒருதடவ செஞ்சு பாருங்க, படிக்கறத விட இது சட்டுனு புரியும். 'கணக்கு'ன்னு ஒரு ஃபைல் பண்ணுங்க, தமிழ்லயே பேர் வெக்கலாம், ஒண்ணும் சொல்லாது. ஃபைல் லிஸ்ட் காட்டற எல்எஸ் கமாண்ட, எல்எஸ் மைனஸ் எல்ஐன்னு அடிச்சா மொதல்ல ஒரு பெரிய நம்பர் வரும், என் மெஷின்ல 1312457, அப்புறம் பர்மிஷன் எழுத்துக்கள், அதுக்கு அடுத்தாப்ல தனியா ஒரு 1. அந்த 1 எதுக்குன்னு நான் பல வருஷம் யோசிச்சதே இல்ல. இப்ப எல்என் கமாண்ட் போட்டு அதே ஃபைலுக்கு 'வரவு'ன்னு இன்னொரு பேர் குடுங்க. மறுபடி எல்எஸ் அடிச்சா ரெண்டு பேருக்கும் அதே 1312457, ஆனா அந்த 1 இப்ப 2 ஆயிருக்கும். எக்கோ போட்டு கணக்குல ஒரு வரி சேத்தா வரவுலயும் அந்த வரி இருக்கும், ஏன்னா ரெண்டு ஃபைலே இல்ல, ஒரே ஃபைல்தான். (எடிட்டர்ல தொறந்து சேவ் பண்ணி பாக்காதீங்க, சில எடிட்டருங்க புதுசா ஒரு ஃபைல் எழுதி பழைய பேர அதுக்கு மாத்திடும், அப்புறம் நான் பொய் சொல்றேன்னு நெனப்பீங்க.) அடுத்து கணக்க ஆர்எம் பண்ணுங்க. வரவு அப்படியே இருக்கும், அந்த 2 மறுபடி 1 ஆயிடும்.

சென்னைல வீடு தேடி அலைஞ்சவங்களுக்கு இதுல புதுசா ஒண்ணும் இல்ல. கேட்ல பழைய எண் 14, புதிய எண் 27னு ரெண்டும் எழுதியிருக்கும், எதப் போட்டு லெட்டர் அனுப்பினாலும் அதே வீட்டுக்குத்தான் வரும், 14ங்கற போர்ட பேத்து எடுத்துட்டா வீடு இடிஞ்சு போயிடாது. ரெண்டு போர்டயும் எடுத்துட்டா? அப்ப போஸ்ட்மேனுக்கு வீடு தெரியாது, ஆனா உள்ள ஒருத்தர் குடியிருந்தா அவரு பாட்டுக்கு சமைச்சு சாப்ட்டுட்டு இருப்பாரு. தம்பிக்கு நடந்தது இதுதான்.

ஆர்எம்ங்கற கமாண்ட் ஃபைல அழிக்கறதே இல்ல. உள்ள அது கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) கிட்ட கேக்கற வேலைக்கு பேரு 'அன்லிங்க்', அதாவது ஃபோல்டர் லிஸ்ட்லேர்ந்து இந்த பேர எடுத்துடு, ஐநோட்ல இருக்கற அந்த எண்ணிக்கைல ஒண்ணு கொறச்சுடு, அவ்ளோதான் கேக்குது. எண்ணிக்கை 0 ஆனா கெர்னல் இன்னொண்ணு பாக்கும்: இந்த ஃபைல எந்த ப்ராசஸாவது, அதாவது ஓடிட்டு இருக்கற ப்ரோக்ராமாவது, தொறந்து வெச்சிருக்கா? யாரும் இல்லன்னா பிளாக் எல்லாம் காலின்னு குறிச்சுடும். ஒரே ஒரு ப்ராசஸ் கையில வெச்சிருந்தா கூட, அது மூடற வரைக்கும் ஒரு பிளாக்க கூட தொடாது. அவன் கம்பெனி பில்லிங் சாஃப்ட்வேர் பல நாளா அந்த லாக் ஃபைல தொறந்து வெச்சு எழுதிட்டே இருக்கு, பேரு போனது அதுக்கு தெரியவும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்ல.

இப்ப டிஎஃப்பும் டியூவும் ஏன் சண்ட போடுதுன்னும் சொல்லிடலாம். டிஎஃப் ஃபைல்சிஸ்டத்தோட கணக்கு புக்க தொறந்து எத்தன பிளாக் காலியா இருக்குன்னு ஒரே கேள்வி கேட்டுட்டு வந்துடும், அதான் அடிச்ச உடனே பதில் வருது. டியூ அப்படி இல்ல, ஃபோல்டர் ஃபோல்டரா நடந்து ஒவ்வொரு பேரா பாத்து கூட்டும், அதான் அவ்ளோ நேரம் எடுக்குது. பேரே இல்லாத ஃபைல் டியூ கண்ணுல எப்படி படும்? ரெண்டும் சொல்றது உண்மைதான், கேள்விதான் வேற வேற.

இப்படி ஒரு குழப்பத்த எதுக்கு வெச்சிருக்காங்கன்னு தம்பி கேட்டான், கோவமாத்தான் கேட்டான். ஆனா இது இல்லன்னா நாம தெனமும் செய்யற ஒரு வேலை நடக்காது. சிஸ்டம் ஓடிட்டு இருக்கும்போதே ஏபிடி (சாஃப்ட்வேர் ஏத்தற கமாண்ட்) வெச்சு அப்கிரேட் போடறோமே, ஓடற ப்ரோக்ராம் எல்லாம் பிடிச்சுட்டு இருக்கற லைப்ரரி ஃபைலயே அது மாத்துது. எப்படின்னா புது ஃபைல பக்கத்துல எழுதி வெச்சுட்டு, பேர மட்டும் புது ஐநோட் பக்கம் திருப்பிடும். ஏற்கனவே ஓடறது பழைய ஐநோட வெச்சு ஓடும், இனிமே ஸ்டார்ட் ஆகறது புதுச எடுத்துக்கும், பழசு மூடின உடனே தானா காலியாகும். விண்டோஸ்ல இந்த ஃபைல் இன்னொரு ப்ரோக்ராம்ல தொறந்திருக்கு, அழிக்க முடியாதுன்னு ஒரு பொட்டி வருமே, அதோட மறுபக்கம்தான் இது. டெம்பரவரி ஃபைல் வேணும்னா தொறந்த கையோட பேர அழிச்சுட்டு யூஸ் பண்றதும் ரொம்ப பழைய தந்திரம், ப்ரோக்ராம் நடுவுல செத்தாலும் குப்ப மிஞ்சாது. ரீபூட் பண்ணா ஏன் சரியாகும்ங்கறதும் இதே கததான், எல்லா ப்ராசஸும் செத்துடும், யாரும் பிடிச்சு வெக்கல, இடம் காலி.

ஆனா தம்பியால ரீபூட்டும் பண்ண முடியாது, அந்த சாஃப்ட்வேர ரீஸ்டார்ட் பண்ணா வெண்டர் ஆள் நேர்ல வந்து கீ போடணுமாம், திங்கக்கெழமதான் வருவாராம். (இதப்பத்தி எனக்கு நெறய கருத்து இருக்கு, இங்க வேணாம்.)

சரி, வேற வழி. எல்எஸ்ஓஎஃப் கமாண்ட சுடோவோட (அட்மின் உரிமையோட), ப்ளஸ் எல் 1னு சேத்து அடிச்சா, தொறந்திருக்கற ஃபைல்கள்ல பேரு எண்ணிக்கை 1க்கு கீழ போனத மட்டும் காட்டும், அதாவது பேரில்லாம குடியிருக்கறவங்க லிஸ்ட். அடிச்சான், வந்துச்சு: ப்ராசஸ் நம்பர் 2214, அதுல 7ம் நம்பர் ஃபைல், 22 ஜிபி, கடைசில டெலீட்டட்னு போட்டிருந்துச்சு. ஒவ்வொரு ப்ராசஸும் தொறக்கற ஃபைலுக்கு கெர்னல் 0, 1, 2, 3னு டோக்கன் மாதிரி நம்பர் குடுக்கும். ப்ராக்ங்கற ஃபோல்டருக்குள்ள ப்ராசஸ் நம்பர், அதுக்குள்ள எஃப்டின்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள அந்த டோக்கன் எல்லாம் ஃபைல் மாதிரியே நிக்கும். பேரு போன ஃபைலுக்கும் அந்த வழியா உள்ள போகலாம், பின்வாசல்.

ட்ரன்கேட் கமாண்ட் போட்டு அந்த 7ம் நம்பரோட சைஸ 0 ஆக்க சொன்னேன். போட்டான். டிஎஃப் 37லேர்ந்து 15க்கு எறங்கிடுச்சு, பில் ஏறுச்சு, லாரி போச்சு. இதுல ஒரு பிட்டு தெரிஞ்சு வெச்சுக்கங்க, லாக் எழுதற ப்ரோக்ராம் 'கடைசில சேத்துக்கோ'ன்னு சொல்லி ஃபைல தொறந்திருந்தா பிரச்சன இல்ல, 0லேர்ந்து எழுத ஆரம்பிக்கும். அப்படி தொறக்கலன்னா விட்ட எடத்துலேர்ந்தே, 22வது ஜிபிலேர்ந்தே எழுதும், சைஸ் பாத்தா மறுபடி 22 ஜிபின்னு பயமுறுத்தும், ஆனா முன்னாடி இருக்கறது வெறும் ஓட்ட, டிஸ்க்ல எடம் புடிக்காது. மொதல்லயே ஆர்எம் போடாம ட்ரன்கேட் போட்டிருந்தா இவ்ளோ கூத்தே இல்ல, பேரும் பொழச்சிருக்கும்.

அதே பின்வாசல் வழியா ஒரு தடவ எங்க குரூப்ல ஒருத்தர் மானத்த காப்பாத்தியிருக்கு. ஒரு மணி நேர பேச்ச எஃப்எஃப்எம்பெக்னு ஒரு வீடியோ டூல் வெச்சு ரெக்கார்ட் பண்ணிட்டு இருந்தவரு, ஓடிட்டு இருக்கும்போதே பக்கத்து டெர்மினல்ல பழைய வீடியோன்னு நெனச்சு அதையே ஆர்எம் பண்ணிட்டாரு. மூஞ்சி வெளுத்துபோய் ரெக்கார்டிங்க நிறுத்த கண்ட்ரோல் சி அடிக்க கை போச்சு, பின்னாடிலேர்ந்து ஒருத்தர் "கைய எடுங்க"ன்னு கத்தினாரு. அத மூடியிருந்தா போயிருக்கும். பேச்சு முடியற வரைக்கும் ஓட விட்டு, எஃப்எஃப்எம்பெக்க நிறுத்தறதுக்கு முன்னாடி எஃப்டி ஃபோல்டர்லேர்ந்து சிபி (காப்பி கமாண்ட்) போட்டு வேற பேர்ல எடுத்தாச்சு. எம்கேவிங்கற வகை வீடியோ ஃபைலா இருந்ததால முடிவு சரியா எழுதப்படலன்னாலும் ஓடுச்சு.

மூடினதுக்கு அப்புறம் கதை வேற. டேட்டா ஒடனே அழியாது, பிளாக் காலின்னு குறிச்சதோட சரி, மேல வேற எதாவது எழுதற வரைக்கும் பழசு அங்கயே கெடக்கும். ஆனா லினக்ஸ்ல வழக்கமா இருக்கற ஈஎக்ஸ்டி4ங்கற ஃபைல்சிஸ்டம், ஃபைல அழிக்கும்போது எந்தெந்த பிளாக்குங்கற குறிப்பையும் ஐநோட்லேர்ந்து தொடச்சுடுது, அதனால ஃபோட்டோரெக் மாதிரி டூல் டிஸ்க் முழுக்க மோப்பம் புடிச்சு, இது ஜேபெக் ஃபோட்டோவோட ஆரம்பம் மாதிரி இருக்கேன்னு பொறுக்கி எடுக்கும், பேர் எதுவும் வராது. எஸ்எஸ்டின்னா அதுவும் சந்தேகம், உபுன்டுல வாரா வாரம் ட்ரிம் ஓடி, இந்த பிளாக்லாம் இனிமே வேணாம்னு டிரைவ் கிட்டயே சொல்லிடுது.

தம்பி டிஎஃப்ல இன்னொரு விஷயமும் கவனிச்சிருந்தான். மொத்தம் 39, யூஸ் 37, அப்ப மிச்சம் 2 காட்டணுமே, ஏன் 0? அது ஈஎக்ஸ்டி4 ரூட்டுக்குன்னு, அதாவது அட்மின் யூசருக்குன்னு ஒதுக்கி வெக்கிற 5 சதவீதம். சாதாரண யூசர் எல்லாத்தையும் ரொப்பிட்டாலும் ரூட் உள்ள வந்து சுத்தம் பண்ண எடம் வேணும்ல, அதுக்கு. 4 டிபி டிஸ்க்ல இதுவே 200 ஜிபி ஆயிடும், வெறும் டேட்டா டிஸ்க்னா ட்யூன்டூஎஃப்எஸ் கமாண்ட் போட்டு கொறச்சுக்கலாம், சிஸ்டம் இருக்கற டிஸ்க்ல கை வெக்காதீங்க.

இதுக்கு நேர் எதிரா ஒரு கேஸ் உண்டு, டிஎஃப் பாதி டிஸ்க் காலின்னு சொல்லும், ஆனா ஒரு சின்ன ஃபைல் பண்ணா கூட எடம் இல்லன்னு வரும். ஐநோட் தீந்துபோச்சுன்னு அர்த்தம். ஈஎக்ஸ்டி4ல ஃபார்மேட் பண்ணும்போதே எத்தன ஐநோட்னு முடிவாயிடும், சும்மா விட்டா 16 கேபிக்கு ஒண்ணு, 40 ஜிபிக்கு சுமார் 26 லட்சம். வெப்சைட்டுக்கு வந்து போறவங்களுக்காக பிஎச்பி எழுதி வெக்கிற குட்டி செஷன் ஃபைல் யாரும் பெருக்காம லட்சக்கணக்குல சேந்தா, எடம் இருந்தும் நம்பர் இல்லாம நிக்கும். டிஎஃப் மைனஸ் ஐ அடிச்சா தெரியும். எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ்னு வேற ரெண்டு ஃபைல்சிஸ்டமும் தேவைக்கு ஏத்த மாதிரி ஐநோட் பண்ணிக்கும், அதுல இந்த தொல்ல கம்மி.

சாயங்காலம் ஆறு மணிக்கு தம்பி மறுபடி மெசேஜ் போட்டான். எல்எஸ்ஓஎஃப் அடிச்சு பாத்திருக்கான், அதே 2214, அதே 7ம் நம்பர், இப்ப 640 எம்பி. நாலு மணி நேரத்துல ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் என்னதான் எழுதுதுன்னு டெய்ல் (கடைசி வரிகள காட்டற கமாண்ட்) போட்டு பாக்க சொன்னேன். ஒவ்வொரு வரிலயும் டீபக், டீபக்னு இருந்துச்சு, அதாவது தப்பு கண்டுபிடிக்கறதுக்காக ஒண்ணு விடாம எழுதற மோட். அத ஆன் பண்ணி விட்டது யாருப்பான்னு கேட்டேன். ரெண்டு ப்ளூ டிக் வந்துச்சு, பதில் வரல.