கண் சரியாக இருக்கிறது, ஆனால் போர்டைப் பார்த்து எழுத வரவில்லை

“கண் டாக்டர்கிட்ட காட்டிட்டோம் மேடம். 6/6 இருக்கு, கண்ணாடி வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அப்புறம் ஏன் இவன் போர்டுல இருக்கிறத எழுத மாட்டேங்கிறான்?”

நான் குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது எழுதுவது போன்ற அன்றாட வேலைகளில் திணறும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவள். இந்தக் கேள்வி மாதத்தில் நாலைந்து முறையாவது என் மேசைக்கு வரும். கூடவே ஒரு நோட்டும் வரும். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் ‘இன்கம்ப்ளீட்’ என்று எழுதியிருக்கும். பிள்ளை அம்மாவின் பின்னால் ஒண்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நிற்கும். அதற்குள் சோம்பேறி, கவனம் இல்லாதவன் என்று இரண்டு பட்டங்கள் கொடுத்தாகியிருக்கும்.

6/6 என்றால் 6 மீட்டர் தூரத்தில் தெரிய வேண்டிய எழுத்து தெரிகிறது என்று பொருள். அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரிந்த கோடுகளில் எது எந்த எழுத்தைச் சேர்ந்தது, எத்தனை சுழி, எந்த வரியில் விட்டோம் என்று பிரித்தெடுப்பது மூளையின் வேலை. அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சுவரில் மாட்டிய எழுத்து அட்டை அளப்பதில்லை.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் பவன் சின்ஹா டெல்லியில் தொடங்கிய ‘பிரகாஷ்’ திட்டம் இதைத் தெளிவாகக் காட்டியது. வட இந்தியக் கிராமங்களில் பிறவியிலேயே கண்புரை இருந்த பிள்ளைகளுக்கு, வளர்ந்த பிறகு அறுவை சிகிச்சை செய்தார்கள். கட்டு அவிழ்த்ததும் வெளிச்சம் உள்ளே போகிறது, நிறம் தெரிகிறது. ஆனால் ஒன்றன் மேல் ஒன்று படிந்த இரண்டு உருவங்களைக் காட்டினால், அவற்றை இரண்டு முழுப் பொருள்களாக அந்தப் பிள்ளைகளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. துண்டு துண்டாகவே தெரிந்தது. பொருள் அசைந்தால்தான் ‘இது ஒன்று, அது வேறு’ என்று பிடிபட்டது. 2011-இல் வெளிவந்த ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. கையால் தடவி அறிந்த ஒரு வடிவத்தைக் கண்ணால் பார்த்து ‘இதுதான் அது’ என்று சொல்ல முதலில் அவர்கள் திணறினார்கள். சில நாள்களிலேயே அது தேறிவிட்டது. பார்க்கவும் பழக வேண்டியிருக்கிறது.

நம் வீட்டுப் பிள்ளைகளின் நிலை வேறு, அவர்கள் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள். ஆனால் அந்தப் பழக்கம் எல்லாருக்கும் ஒரே வயதில், ஒரே வேகத்தில் கூடிவருவதில்லை.

என்னிடம் வந்த இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனைச் சொல்கிறேன். பலகையில் ‘கிணறு’ என்று எழுதி, பார்த்து எழுதச் சொன்னேன். நான் அவன் நோட்டைப் பார்க்கவில்லை, அவன் தலையைப் பார்த்தேன். மூன்றெழுத்துச் சொல்லுக்கு ஒன்பது முறை நிமிர்ந்தான். ‘ண’வுக்கு மட்டும் நாலு முறை. ஒரு சுழி போடுவான், நிமிர்வான், இன்னொரு சுழி போடுவான், மறுபடி நிமிர்வான். கடைசியில் ‘கினறு’ என்று முடித்துவிட்டுக் கையை உதறிக்கொண்டான். ‘ண’வை ஒரு அட்டையில் தனியாகக் காட்டி இது என்ன என்று கேட்டேன். யோசிக்காமல் “மூணு சுழி ண” என்றான்.

எழுத்து அவனுக்குத் தெரியும். நான்கு பக்கமும் மற்ற எழுத்துகள் சூழ்ந்திருக்கும்போது அதைப் பிரித்தெடுத்து, தலை குனியும் வரை மனதில் பிடித்து வைத்திருப்பதுதான் வரவில்லை. பலகையில் ஐந்து வரி எழுதியபோது இது இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. இரண்டாம் வரியை எழுதிக் குனிந்து நிமிர்ந்தவன், விட்ட இடம் கிடைக்காமல் நாலாம் வரிக்குத் தாவிவிட்டான். சோம்பேறிப் பிள்ளை ஒரு சொல்லுக்கு ஒன்பது முறை நிமிர்ந்து பார்க்காது. அவன் மற்றவர்களைவிட அதிகமாக உழைத்துக்கொண்டிருந்தான்.

நம் எழுத்துக்கே இதில் ஒரு பங்கு உண்டு. ‘கெ’ என்று சொல்லும்போது க் முதலில், எ பின்னால். எழுதும்போது கொம்பு முன்னால் வந்து நிற்கிறது. ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். ‘கொ’ என்றால் எழுத்தின் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். நமக்குப் பழகிப்போனதால் இதெல்லாம் வேலையாகவே தோன்றுவதில்லை.

இப்படி வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் எழுதச் சொல்வதில்லை, வரையச் சொல்வேன். ஒரு காபி கப்பை, பிடி பின்பக்கம் மறையும்படி மேசையில் வைத்து, “உனக்கு இங்கிருந்து என்ன தெரியுதோ அதை மட்டும் வரை” என்பேன். 1972-இல் ஃப்ரீமன், ஜேனிகூன் என்ற இரு ஆய்வாளர்கள் செய்து பார்த்த சோதனைதான் இது. சின்னப் பிள்ளைகள், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், பிடியை வரைந்துவிடுகிறார்கள். கப் என்றால் பிடி உண்டு என்பது அவர்களுக்குத் தெரியும், அதனால் வரைகிறார்கள். ஏறக்குறைய எட்டு வயதில்தான் தெரிந்ததை ஒதுக்கிவிட்டு, பார்த்ததை மட்டும் வரைவது கைவருகிறது. ஐந்து வயதுப் பிள்ளை பிடியை வரைந்தால் அழித்துத் திருத்த வேண்டாம். அந்த வயதுக்கு அதுதான் சரியான படம்.

வடிவங்களுக்கும் இப்படி ஒரு வரிசை இருக்கிறது. பொதுவாக 3 வயதில் வட்டத்தைப் பார்த்துப் போடுவார்கள், 4-இல் கூட்டல் குறி, நாலரையை ஒட்டிச் சதுரம், 5-இல் முக்கோணம். சாய்சதுரம் வர 6, 7 வயது ஆகிவிடும். முக்கோணமே போட வராத மூன்றரை வயதுக் குழந்தைக்கு எல்.கே.ஜி.யில் நாலு பக்கம் எழுத்து வேலை கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

3, 7 போன்ற எண்களைத் திருப்பிப் போடுவது, ஆங்கிலத்தில் சின்ன பி-யும் (b) சின்ன டி-யும் (d) மாறுவது, இவற்றைக் கண்டு பயந்து வருபவர்களும் நிறைய. இடப்பக்கம் திரும்பி நின்றாலும் வலப்பக்கம் திரும்பி நின்றாலும் மாடு மாடுதான். இடவலம் பாராமல் பொருளை அடையாளம் காண்பது மூளையின் இயல்பு. எழுத்துக்கு மட்டும் அந்த இயல்பை அடக்கிக்கொள்ள வேண்டும். 6, 7 வயது வரை இது சாதாரணம். அதற்கு மேலும் அடிக்கடி தொடர்ந்தால் காட்டுங்கள்.

அந்தப் பையனுக்கு வழி அவன் வீட்டு வாசலிலேயே இருந்தது. அவன் ஆச்சி தினமும் சிக்குக் கோலம் போடுகிறவர். நானும் ஆச்சியும் பேசி, மூன்று புள்ளி மூன்று வரிசையில் தொடங்கினோம். ஆச்சி போட்டதைப் பார்த்து அவன் பக்கத்தில் போட வேண்டும். முதல் நாள் கோடு புள்ளிகளுக்கு நடுவே எங்கோ போய் முட்டிக்கொண்டது. ஆச்சி திட்டவில்லை. “கோட்டப் பாக்காத ஐயா, மொதல்ல புள்ளிய எண்ணு. அப்புறம் கோடு எந்தப் புள்ளியச் சுத்துதுன்னு வாயால சொல்லு” என்றார். நான் படித்த படிப்பில் இதற்குப் பெரிய பெரிய பெயர்கள் உண்டு, ஆச்சி அதை இரண்டு வரியில் சொல்லிவிட்டார். தப்பினால் கையால் அழித்துவிட்டு மறுபடி போடலாம். அதில் சிவப்பு மை கிடையாது.

கோலம் போட்டால் படிப்பு வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். அவன் கற்றுக்கொண்டது ஒரு பழக்கம்: கை வைக்கும் முன் எண்ணுவது, எண்ணியதை வாயால் சொல்லிக்கொள்வது. அதையே எழுத்துக்கும் கொண்டுவந்தோம். “மூணு சுழி, அப்புறம் கால்” என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினான். இரண்டு மாதத்தில் ‘கிணறு’க்கு ஒன்பது முறை நிமிர்ந்தது மூன்றாகக் குறைந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பார்த்து எழுத வராதது வேறு, வாசிக்கவே வராதது வேறு. டிஸ்லெக்சியா பெரும்பாலும் ஒலியையும் எழுத்தையும் இணைப்பதில் உள்ள சிக்கல், கண்ணில் உள்ள கோளாறு இல்லை. நிறக் கண்ணாடி போட்டால், கண்ணுக்குப் பயிற்சி கொடுத்தால் அது சரியாகிவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் கண் மருத்துவர்கள் சங்கமும் 2009-இலேயே கூட்டாக அறிவித்தன. அப்படி யாராவது ஆயிரக்கணக்கில் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அதற்காகக் கண் பரிசோதனையை விட்டுவிடவும் வேண்டாம். முதல் படி அதுதான். ஒரு கண்ணை மூடி மற்றதை என்று இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தார்களா என்று கேளுங்கள். ஒரு கண் மட்டும் மங்கலாக இருக்கும் பிள்ளை அதை வாய்விட்டுச் சொல்லாது. நல்ல கண்ணே எல்லா வேலையையும் பார்த்துக்கொள்ளும், அந்தப் பிள்ளைக்கு உலகம் எப்போதும் அப்படித்தான் தெரிந்திருக்கும். இந்தச் சோம்பல் கண்ணை ஏழு வயதுக்குள் கண்டுபிடித்தால் சிகிச்சை நன்றாகப் பலன் தரும்.

அந்தப் பையனின் வகுப்பாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். முன் வரிசையில் உட்கார வையுங்கள், போர்டில் எழுதுவதை ஒரு தாளில் எழுதி அவன் மேசையிலேயே வையுங்கள், எழுதும் வரி மட்டும் தெரியும்படி நடுவில் வெட்டிய அட்டை ஒன்று கொடுத்திருக்கிறேன், அதை வைத்துக்கொள்ள விடுங்கள் என்று மூன்றே வேண்டுகோள்கள்தான். ஐம்பது பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் அந்த ஆசிரியர் மூன்றையும் செய்தார். இப்போதும் அவன் மற்றவர்களைவிட ஐந்து நிமிடம் தாமதமாகத்தான் முடிக்கிறான். அந்த ஐந்து நிமிடத்தை அவர் அவனுக்குத் தருகிறார்.