மின்மாற்றியின் ரீங்காரத்தை வெட்டிவிடாதீர்கள்

மதகு, கல்குவாரி, கம்பி வேலி, மின்கோபுரம் இருக்கும் இடங்களில் ஒலிப்பதிவுக்குப் போகிறவர்கள் பலரும் பறவைக் குரலை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை இரைச்சல் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அந்த நிலத்தில் மனிதக் கை பட்டிருப்பதே அந்த இரைச்சலில்தான் கேட்கிறது. 1970களில் கனடிய இசையமைப்பாளர் மர்ரே ஷேஃபரின் குழு வான்கூவர் துறைமுகத்தின் மூடுபனிச் சங்கையும் மதித்துப் பதிந்து வைத்தது.

பெரும்பாலான இழப்பு, தாழ்ந்த ஒலிகளை வெட்டும் லோ-கட் பொத்தானில் தொடங்குகிறது. காற்றுக்குப் பயந்து அதை 100 ஹெர்ட்ஸுக்கு மேல் வைத்துவிடுகிறார்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஓடும் மின்மாற்றியின் அடிப்படைத் தொனியே 100 ஹெர்ட்ஸ். இரும்பு உள்ளகம் ஒரு சுழற்சிக்கு இருமுறை நீண்டு சுருங்குவதால் வருவது. லோ-கட் போட்டால் அதுவும் பம்பின் உறுமலும் மெலிந்துவிடும். காற்றை ரோம உறை போட்டு மைக்கிலேயே தடுங்கள். வடிகட்டலைப் பிறகு கணினியில் பார்த்துக்கொள்ளலாம்.

ரீங்காரம் காற்றில் வந்ததா, கேபிளில் ஏறியதா என்ற சந்தேகம் வரும். மைக்கை அசைக்காமல் கேபிளை மட்டும் வேறு திசையில் போட்டுப் பாருங்கள். சத்தம் கூடிக் குறைந்தால் கேபிள்தான் காரணம். வழியில் ஏறும் மின் இரைச்சலை இரட்டைக் கம்பியால் ரத்து செய்யும் பாலன்ஸ்டு கேபிளுக்கு மாறுங்கள்.

கம்பி வேலிக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள், அவ்வளவு இருக்கிறது அதில். காற்று கம்பியைக் கடக்கும்போது இருபுறமும் மாறி மாறிச் சுழல்கள் உதிரும். 2.5 மி.மீ. கம்பியில் வினாடிக்கு 5 மீட்டர் காற்று பட்டால் சுமார் 400 ஹெர்ட்ஸ். காற்று வலுத்தால் சுருதியும் ஏறும். காற்றிலுள்ள ஒலியை விட்டு, தொட்டிருக்கும் பொருளின் அதிர்வைப் பிடிக்கும் பியசோ கான்டாக்ட் மைக்கைக் கிளிப் போட்டு இறுக்கிப் பொருத்துங்கள், தளர்ந்தால் கடகடவென்று அடிக்கும். சாதாரண மைக் இன்புட்டில் சொருகினால் அடித்தொனி போய்த் தகர டப்பா மாதிரி ஒலிக்கும். 1 மெகாஓம் உள்ளீட்டு மின்மறுப்பு (இம்பிடன்ஸ்) கொண்ட ப்ரீஆம்ப், அதாவது மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் கருவி, தேவை. மின்வேலி இல்லை என்று உறுதியாகத் தெரியாமல் கை வைக்கவே கூடாது.

பதிவுக் கோப்பு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் (WAV) ஆக இருந்தால் போதும். ஸ்டீரியோவில் மணிக்கு சுமார் 1 ஜிபி. ரெக்கார்டர் மீட்டரில் உச்சம் −12 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். குவாரி வெடிக்கு, மிகப் பெரிய சத்தத்தையும் கோப்பில் சிதையாமல் வைக்கும் 32 பிட் ஃப்ளோட் வடிவம் உதவும், ஆனால் மைக்கே திணறினால் அதுவும் காப்பாற்றாது.

தேதி, இடம், காற்று, எந்த இயந்திரம் எவ்வளவு தூரத்தில் என்பதைப் பதிவின் தொடக்கத்திலேயே வாயால் சொல்லிவிடுங்கள். பம்ப் எப்போது நிற்கும் என்று அங்கே வேலை செய்பவரிடம் கேட்டுவைத்து, அதற்கு முன்னும் பின்னும் ஐந்தைந்து நிமிடம் நிறுத்தாமல் பதியுங்கள். மோட்டார் அடங்கிய பிறகுதான், அதுவரை அதன் அடியில் அமுங்கிக் கிடந்த தவளைகள் கேட்கும்.