மரப்பட்டையில் குடியேறும் நுரையீரல் லைக்கன்

பூஞ்சையும் பாசியும் ஒன்றாக வாழும் கூட்டுயிரான நுரையீரல் லைக்கனின் நன்கு உலர்ந்த மடல் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், பழுப்பும் சாம்பலும் கலந்த நிறத்தில், விளிம்பு சுருண்ட பழைய காகிதம் போல இருக்கும். சற்று அழுத்தினாலே நொறுங்கிவிடும். அதன்மேல் நான்கைந்து துளி மழைநீரை விட்டுக் காத்திருந்தால், துளி விழுந்த இடத்திலிருந்து பச்சை நிறம் மெல்லப் பரவத் தொடங்கும். சில நிமிடங்களுக்குள் மடல் முழுவதும் இளந்தளிரைப் போலப் பளிச்சென்று பசுமையாகி, மெல்லிய தோலைப் போலத் துவண்டுவிடும். உயிரற்றதுபோல் கிடந்த அந்த மடலுக்குள் ஒளிச்சேர்க்கை மீண்டும் தொடங்கிவிட்டது என்பதற்கு அந்த நிறமாற்றமே அடையாளம். லைக்கனின் மேற்புறணி, அதாவது மேல் தோல், பூஞ்சையிழைகளால் நெய்யப்பட்டது. உலர்ந்திருக்கையில் ஒளியைச் சிதறடித்து மங்கலாகத் தோன்றும் அது, நனைந்ததும் ஒளியை ஊடுருவவிட, அடியில் இருக்கும் பாசியின் பச்சை வெளியே தெரிகிறது.

லோபேரியா பல்மோனேரியா என்பது இதன் அறிவியல் பெயர். கார்ல் லின்னேயஸ் 1753இல் இதற்குப் பெயரிட்டபோதே 'நுரையீரலுக்குரிய' என்ற பொருள் தரும் அடைமொழியைச் சேர்த்துவிட்டார். மடலின் மேற்பரப்பில் வலைபோல் ஓடும் மேடுகளும் அவற்றுக்கிடையே உள்ள பள்ளங்களும் நுரையீரல் திசுவை நினைவூட்டுகின்றன. உறுப்பைப் போல் தோன்றும் பொருள் அந்த உறுப்பின் நோயைத் தீர்க்கும் என்று நம்பிய ஐரோப்பிய மருத்துவர்கள், பல நூற்றாண்டுகளாக இதை மார்புச்சளிக்கும் இருமலுக்கும் கொடுத்து வந்தனர். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

லைக்கன் என்பது ஒற்றை உயிரி அன்று என்று சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் சைமன் ஷ்வெண்டனர் 1867இல் அறிவித்தபோது, அக்கால லைக்கன் அறிஞர்கள் பலர் அதைக் கடுமையாக எதிர்த்தனர். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து ஓர் உடலாக வாழ்கின்றன என்ற அவருடைய கருத்தே இறுதியில் நிலைபெற்றது. நுரையீரல் லைக்கனில் இந்தக் கூட்டு மேலும் ஒருபடி விரிந்திருக்கிறது. மடலைக் குறுக்காகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால், மேலே நெருக்கமான பூஞ்சைப் புறணி, அதற்குக் கீழே பச்சைப்பாசி உயிரணுக்களின் மெல்லிய அடுக்கு, அதற்கும் கீழே பஞ்சுபோல் தளர்வாகப் பின்னிய வெண்ணிறப் பூஞ்சையிழைகள், அடியில் மீண்டும் ஒரு புறணி என்று வரிசையாகத் தெரியும். ஆங்காங்கே அந்த அடுக்குகளுக்கிடையில் கருமையான சிறு முடிச்சுகளும் தென்படும்; ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா வகையான நாஸ்டாக் என்னும் சையனோபாக்டீரியா அவற்றுக்குள்தான் குடியிருக்கிறது. பாசி சர்க்கரை தயாரிக்கிறது. நாஸ்டாக் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உணவாக்குகிறது. பூஞ்சை இருவருக்கும் வீடும் நிழலும் நீரும் கொடுக்கிறது. மடல்கள் உதிர்ந்து மட்கும்போது, காற்றிலிருந்து பிடிக்கப்பட்ட அந்த நைட்ரஜன் காட்டு மண்ணுக்கும் போய்ச் சேர்கிறது.

லைக்கனுக்கு வேர் இல்லை. நீரைத் தேக்கிவைக்கும் உறுப்பும் இல்லை. சுற்றுப்புறம் நனைந்தால் அதுவும் நனையும், காய்ந்தால் அதுவும் காயும். உலர்ந்த நிலையில் வளர்சிதை மாற்றம் ஏறத்தாழ முற்றிலும் நின்றுவிடுவதால், வாரக்கணக்கான வறட்சியையும் கடுங்குளிரையும் அது தாங்கிக்கொள்கிறது. இங்கே பச்சைப்பாசி இருப்பதன் நன்மை பெரிது. பச்சைப்பாசி கொண்ட லைக்கன்கள் ஈரக்காற்றிலிருந்து மட்டுமே போதிய நீரை உறிஞ்சி ஒளிச்சேர்க்கையைத் தொடங்கிவிடும். சையனோபாக்டீரியாவை மட்டும் நம்பியிருக்கும் லைக்கன்களோ மழையாகவோ பனித்துளியாகவோ நீர் திரவமாக வந்தால்தான் விழித்தெழும். நீர் மிகுந்தாலும் தொல்லைதான். மடல் அளவுக்கு மீறி ஊறிவிட்டால், உள்ளே கரியமிலவாயு செல்லும் வழிகளை நீரே அடைத்துக்கொள்ள, ஒளிச்சேர்க்கை தளர்ந்துவிடும். நனைவதும் உலர்வதும் மாறி மாறி வருவதே இந்த உயிருக்கு ஏற்ற வாழ்க்கை என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. வளர்ப்பு முயற்சிகள் பலவற்றின் வெற்றியும் தோல்வியும் இதில்தான் அடங்கியிருக்கின்றன.

மரத்தில் லைக்கன் படர்ந்திருப்பதைக் கண்டதும் மரத்துக்கு நோய் என்று நினைத்துச் சுரண்டி எடுப்பவர்கள் உண்டு. அந்த அச்சம் தேவையற்றது. நுரையீரல் லைக்கன் பட்டையின் மேற்பரப்பைப் பற்றிக்கொள்கிறதே தவிர, மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. ஆயினும் எந்த மரத்தின் பட்டை என்பதில் அது மிகுந்த தேர்வு காட்டுகிறது. பிஹெச் அளவு 5க்கும் 6க்கும் இடைப்பட்ட, அமிலத்தன்மை குறைந்த பட்டைகளே அதற்கு உகந்தவை. ஐரோப்பாவில் மேப்பிள், ஆஷ், ஓக், பீச், ரோவன், ஆஸ்பென் முதலிய அகன்ற இலை மரங்களில் அது மிகுதியாகக் காணப்படுகிறது. அமிலம் மிகுந்த பைன் பட்டையில் அரிதாகவே நிலைக்கிறது. மரத்தின் வயதும் முக்கியம். முதிர்ந்த பட்டையின் வெடிப்புகளில் ஈரம் தங்கும். அங்கே படரும் பாசிச்செடி (மாஸ்) அந்த ஈரத்தை மேலும் சில மணி நேரம் காத்துவைக்கும். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள மழைக்காடுகள், நார்வேயின் கடலோரச் சரிவுகள், ஆல்ப்ஸ், கார்பேத்திய மலைக்காடுகள், வட அமெரிக்காவின் பசிபிக் கரைப் பகுதி ஆகிய இடங்களில் இது செழிப்பதற்குக் காரணம், அங்கெல்லாம் முதுமரங்களும் ஈரக்காற்றும் ஒருங்கே அமைந்திருப்பதே. ஒரு காட்டில் இந்த லைக்கன் பரவலாக இருந்தால், அந்தக் காடு நெடுங்காலம் இடையறாது காடாகவே இருந்து வந்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுவது இதனால்தான்.

காற்று மாசு இதற்கு இழைத்த தீங்கு பெரிது. பாரிஸ் நகரின் லக்சம்பர்க் தோட்டத்தில் லைக்கன்களைக் கணக்கெடுத்த வில்லியம் நைலாண்டர், அவை காற்றின் தூய்மைக்கு அளவுகோலாகப் பயன்படும் என்று 1866இலேயே எழுதினார். பின்னர் 1970இல் டேவிட் ஹாக்ஸ்வொர்த்தும் ஃபிரான்சிஸ் ரோஸும், மரப்பட்டை லைக்கன்களைக் கொண்டே கந்தக டை ஆக்சைடு மாசைக் கணிக்க 0 முதல் 10 வரையிலான அளவுகோல் ஒன்றை வகுத்தபோது, நுரையீரல் லைக்கனின் குடும்பம் தூய காற்றின் முனையில் இடம்பெற்றது. கந்தக வாயு நாஸ்டாக்கை நேரடியாகத் தாக்குகிறது; அமில மழையோ பட்டையின் அமிலத்தன்மையை உயர்த்தி, லைக்கன் ஒட்டுவதற்கான இடத்தையே கெடுத்துவிடுகிறது. ஐரோப்பாவில் காற்று வெகுவாகத் தூய்மையடைந்த பிறகும், அழிந்த இடங்கள் பலவற்றுக்கு இது தானாகத் திரும்பவில்லை. இப்போது வேறொரு துன்பமும் சேர்ந்திருக்கிறது: ஹைமனோசைஃபஸ் ஃபிராக்சினியஸ் என்னும் பூஞ்சை ஆஷ் மரங்களைக் கருகச் செய்து வருவதால், லைக்கன் நம்பியிருந்த மரங்களே குறைந்துகொண்டு வருகின்றன.

வெளிச்சத்திலும் நுட்பமான சமநிலை ஒன்று வேண்டும். அடர்நிழலில் அது வளர்வதில்லை. சுற்றியுள்ள மரங்களைத் திடீரென வெட்டிவிட்டால், உலர்ந்த நிலையிலேயே கடுவெயிலுக்கு ஆளாகிப் பச்சையம் வெளுத்துவிடுகிறது. வெளிச்சம் படிப்படியாகக் கூடினால், மேற்புறணியில் மெலனின் என்னும் பழுப்பு நிறமியை உருவாக்கித் தன்னைக் காத்துக்கொள்ளும் திறன் அதற்கு உண்டு. ஓடில்லா நத்தைகள் இன்னொரு பகை. அவை இரவில் மரமேறி மடல்களை அரித்துத் தின்கின்றன. லைக்கனின் உட்பகுதியில் சேரும் ஸ்டிக்டிக் அமிலம் போன்ற சேர்மங்களே அதன் தற்காப்பு. அச்சேர்மங்களை அசிட்டோனால் கழுவி நீக்கிவிட்டு வைத்தபோது, அதே நத்தைகள் அதை இன்னும் அதிகமாகத் தின்றதை நார்வே ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

இனப்பெருக்கம் இரு வழிகளில் நடக்கிறது. மேடுகளின் மீதும் மடல் விளிம்புகளிலும் ரவை போன்ற நுண்துகள்கள் கொத்துக்கொத்தாக உருவாகின்றன. சொரீடியா எனப்படும் இத்துகள் ஒவ்வொன்றிலும் பூஞ்சையிழையும் பாசி உயிரணுவும் ஒன்றாகச் சுருண்டிருப்பதால், விழுந்த இடத்தில் புதிய லைக்கன் தொடங்க அது ஒன்றே போதும். மற்றொரு வழி, பூஞ்சை மட்டும் செம்பழுப்பு வட்டுகளில் உருவாக்கும், விதை போன்ற நுண்ணிய ஸ்போர்கள். அவை தொலைவுக்குப் பறக்கக்கூடியவை. ஆனால் போய் விழும் இடத்தில் தமக்குரிய பாசியைத் தேடிக் கண்டடைய வேண்டும். அதற்கு முன்னால் ஒரு நிபந்தனையும் உண்டு: இந்தப் பூஞ்சையில் இரு இணைவு வகைகள் இருக்கின்றன, இரண்டும் அருகருகே இருந்தால்தான் வட்டுகள் தோன்றும். ஒரே வகை மட்டும் எஞ்சிய சிறு கூட்டம் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தாலும் ஸ்போர் விடாது. சொரீடியாவின் பயணமும் பெரும்பாலும் தாய்மரத்திலிருந்து சில பத்து மீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. எனினும் சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைகளில், பனியின்மேல் விழுந்த துகள்களை மரபணுச் சோதனையால் கண்டறிந்தபோது, மரங்களிலிருந்து 200 மீட்டர் தொலைவிலும் அவை கிடைத்தன. அவ்வளவு தொலைவுக்குத் துகள் வந்து சேர்ந்தும் அங்கே லைக்கன் இல்லை என்றால், தடை பயணத்தில் மட்டும் இல்லை. பட்டையில் கால் ஊன்றும் தொடக்க மாதங்களில்தான் இருக்கிறது. இந்த லைக்கனை வளர்க்கும் வேலை முழுவதும் அந்த மாதங்களைக் கடத்திவிடும் வேலைதான் என்பது என் கருத்து.

பூஞ்சை, பாசி ஆகிய பங்காளிகளைப் பிரித்துத் தனித்தனியே வளர்த்து மீண்டும் சேர்ப்பது ஒரு வழி. கிளடோனியா என்ற வேறொரு லைக்கனில் வெர்னான் அகமத்ஜியான் செய்த ஆய்வுகள், ஊட்டம் நிறைந்த ஊடகத்தில் பூஞ்சையும் பாசியும் ஒன்றையொன்று பொருட்படுத்தாமல் தனித்தனியே பெருகுவதையும், உணவு குறைந்து ஈரம் மெல்லக் குறையும்போதுதான் இணைந்து உடல் அமைப்பதையும் காட்டின. அறிவதற்கு அது அருமையான வழி. காட்டுக்குத் திருப்பித் தருவதற்கு அது மிக மெதுவானது. முழு மடல்களைக் கண்ணாடிப் பேழையில் வைத்து, ஒளியையும் ஈரத்தையும் கட்டுப்படுத்தி வளர்ப்பது இன்னொரு வழி. பகலில் மட்டும் நனைத்தவற்றைவிட, இரவிலும் ஈரமாக வைக்கப்பட்டவை கூடுதலாக வளர்ந்தன என்று நார்வேயில் நடந்த சோதனை காட்டியது. பகலில் சேர்த்த சர்க்கரையைப் புதிய திசுவாக மாற்றும் வேலைக்கு இரவின் ஈரம் தேவைப்படுகிறது. குழாய் நீர் அதிலுள்ள உப்புகளால் தீங்கு செய்யும் என்பதால், மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோதான் பயன்படுத்த வேண்டும். நிரந்தரமாக நனைந்தே கிடக்கவிட்டால் மடல் அழுகத் தொடங்கும்.

இந்த லைக்கனைக் காட்டில் மீள்குடியேற்றம் செய்பவர்கள் பொதுவாக மடல் துண்டுகளையோ சொரீடியாவையோ பயன்படுத்துகிறார்கள். துண்டுகளை உயிருள்ள கூட்டத்திலிருந்து பிய்த்து எடுக்கக் கூடாது. புயலில் விழுந்த மரங்களிலும் தரையில் உதிர்ந்த கிளைகளிலும் கிடைப்பவையே போதும். அவற்றைப் பட்டையின் வெடிப்பில் வைத்து, வலைத்துணி அல்லது சிறு கம்பி ஊசியால் பிடித்துவைப்பார்கள். சொரீடியாவைக் கொண்டு செய்வது நுணுக்கமான வேலை. கிறிஸ்டோஃப் ஷைடெகர் சுவிட்சர்லாந்தில் செய்து 1995இல் வெளியிட்ட முறையில், மடலின் மேடுகளிலிருந்து சேகரித்த துகள்கள் நுண்கண் கொண்ட மருத்துவ வலைத்துணித் துண்டில் தூவப்பட்டு, அத்துணி பட்டையோடு சேர்த்துப் பொருத்தப்பட்டது. மழை அடித்துச் செல்லாமல் துணி துகளைப் பிடித்துக்கொள்ள, அதிலிருந்து நுண்ணிய பற்றிழைகள் வெளிப்பட்டு நூலையும் பட்டையையும் பிடிக்கின்றன. பிறகு அடுக்குகள் பிரிந்து சிறு மடல் உருவாகிறது. நத்தைகள் மிகுந்த இடமாக இருந்தால், அடிமரத்தைத் தவிர்த்து உயரத்தில் பொருத்துவது பயன் தரும். பல கூட்டங்களிலிருந்து துண்டுகளைக் கலந்து வைப்பதும் இன்றியமையாதது. இரு இணைவு வகைகளும் அருகருகே இருந்தால்தான் பிற்காலத்தில் செம்பழுப்பு வட்டுகள் வரும்.

ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் மட்டுமே வளரும் இந்த உயிர், ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குச் செல்ல, இடத்தைப் பொறுத்து 15 முதல் 35 ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. ஆகவே மீள்குடியேற்றம் செய்பவர்கள், லைக்கன் பொருத்திய முதுமரத்திலிருந்து சில பத்து மீட்டருக்குள் அதே வகை இளமரங்களையும் வளர்த்துவருவது அவசியம். முதுமரம் விழும் காலத்தில், சொரீடியா போய்ச் சேரும் தொலைவில் முதிரத் தொடங்கிய பட்டை ஒன்று அவற்றுக்காகக் காத்திருக்க வேண்டும்.