செல்லா, கலமா, உயிரணுவா? தொடக்க உயிரியலின் சில சொற்கள்

செல் என்ற ஒலி தமிழுக்குப் புதிதன்று. 'போ' என்னும் பொருளில் வினையாகவும், கறையான் என்னும் பொருளில் பெயராகவும் முன்பே இருக்கிறது. ஏடு செல்லரித்துப் போவது இந்த இரண்டாவது செல்லால்தான். உயிரியலில் வரும் செல்லுக்கு இவற்றோடு உறவில்லை. அது இலத்தீனின் 'செல்லா', அதாவது சிற்றறை.

1665இல் ராபர்ட் ஹூக் 'மைக்ரோகிராஃபியா' நூலில், தக்கையை மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்ததை எழுதியபோது இந்தப் பெயரை இட்டார். தக்கை செத்த திசு. உள்ளே இருந்ததெல்லாம் மறைந்து சுவர்கள் மட்டுமே நின்றன. அவர் கண்டதற்கு 'அறை' மிகப் பொருத்தமான பெயர். இன்று அந்தச் சொல்லால் நாம் குறிப்பதற்கு அவ்வளவு பொருந்தாது. விலங்குச் செல்லுக்குச் சுவரே கிடையாது, சவ்வு மட்டும்தான். செல் சுவரையும் செல் சவ்வையும் மாணவர்கள் ஒன்றாகக் குழப்புவதற்கு இந்தப் பழைய 'அறை'யும் ஒரு காரணம். தாவரச் செல்லில் இரண்டும் உண்டு: வெளியே செல்லுலோஸ் சுவர், அதற்குள் ஒட்டியபடி சவ்வு. எது உள்ளே வரலாம், எது வரக்கூடாது என்று தேர்வது சவ்வு. சுவர் தாங்கிப் பிடிக்கும், தடுக்காது.

தமிழில் இதற்கு நான்கு பெயர்கள் புழங்குகின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் செல். இலங்கைப் பாடநூல்களில் கலம். பொதுக் கட்டுரைகளில் உயிரணு. தனித்தமிழ் எழுத்தில் அங்கங்கே கண்ணறை. பொருளால் மூலத்துக்கு மிக நெருங்கியது கண்ணறை. ஆனால் ஒரு கலைச்சொல்லைப் பொருளை வைத்து மட்டும் எடைபோட முடியாது. அது குட்டி போட வேண்டும். கலம் அந்த வகையில் நன்றாக ஓடுகிறது: கலச்சுவர், கலமென்சவ்வு, ஒருகல உயிரி, கலப்பிரிவு. பாத்திரம், கொள்கலன் என்ற பழைய பொருளும் துணைக்கு வருகிறது. செல்லும் சளைத்ததன்று: செல் சுவர், செல் பகுப்பு, ஒரு செல் உயிரி. உயிரணுவை வைத்து இப்படி அடுக்கிப் பாருங்கள், மூன்றாவது தொடரிலேயே மூச்சு வாங்கும்.

உயிரணுவின் பெரிய சிக்கல் அதுவுமன்று, அதிலுள்ள 'அணு'. வேதியியல் வகுப்பில் அணு என்றால் தனிமத்தின் மிகச்சிறிய துகள்; அதன் விட்டம் ஒரு நானோமீட்டரில் பத்தில் ஓரிரு பங்கு. மனித உடலின் செல்கள் பெரும்பாலும் 10 முதல் 30 மைக்ரோமீட்டர். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு வேறுபாடு இருக்க, பெயரில் மட்டும் இரண்டும் அணு. இந்தச் சொல் இன்னும் எங்கெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறது பாருங்கள். சிவப்பணு, வெள்ளையணு, விந்தணு மூன்றும் முழுச் செல்கள். தட்டணு செல்லே அன்று. எலும்பு மச்சையிலுள்ள பெரிய செல்லொன்றிலிருந்து உதிர்ந்த துணுக்கு. மரபணு இரண்டுமல்ல, டி.என்.ஏ. இழையில் ஒரு பகுதி. அணுக்கரு என்றால் இயற்பியல். 'மரபணு எதனுள் இருக்கிறது?' என்ற கேள்விக்கு 'அணுவுக்குள்' என்று விடை வந்தால் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, மருத்துவ விளம்பரங்களில் உயிரணு என்றாலே விந்தணு என்று ஆகிவிட்டது. பள்ளிப் பாடத்துக்கு உயிரணுவை விலக்கிவிட்டு, செல் அல்லது கலம் இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்வதே நல்லது. ஒரே விடைத்தாளில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

கரு

1831இல் ராபர்ட் பிரவுன் ஆர்க்கிட் செடிகளின் செல்களில் திரும்பத் திரும்பத் தென்பட்ட உருண்டைப் பகுதிக்கு நியூக்ளியஸ் என்று பெயரிட்டார். இலத்தீனில் அது கொட்டைக்குள் இருக்கும் பருப்பு. தமிழில் கரு, உட்கரு என்கிறோம். தமிழ்நாட்டு வழக்கில் தாயின் வயிற்றில் வளர்வதும் கருதான், முட்டையின் மஞ்சளும் கருதான். இலங்கை வழக்கில் வளரும் உயிருக்கு முளையம் என்று தனிச்சொல் இருப்பதால், செல்லுக்குள் இருப்பதைக் கரு என்றே விட்டுவிட முடிகிறது. தமிழ்நாட்டு வழக்கில் எழுதுவோர் 'உட்' என்ற முன்னொட்டை விடக்கூடாது. மஞ்சள் கரு உட்கரு அன்று. அது சேமித்த உணவு. கருவுறாத கோழி முட்டையில் உட்கரு இருப்பது மஞ்சளின் மேற்பரப்பில் தெரியும் சிறு வெண்புள்ளியில்.

கிரேக்கத்தில் பருப்புக்கு 'கேரியான்'. புரோகேரியோட் (உறை சூழ்ந்த உட்கரு இல்லாத உயிரி), யூகேரியோட் (அது உள்ள உயிரி) இரண்டும் அதிலிருந்து வந்தவை. பின்னதற்கு மெய்க்கருவுயிரி என்ற தமிழாக்கம் அழகாக அமைந்திருக்கிறது. புரோகேரியோட்டை நிலைக்கருவிலி என்பர். அதைப் படித்துவிட்டு 'மரபுப்பொருளே இல்லாதது' என்று புரிந்துகொள்ளக்கூடாது. டி.என்.ஏ. உண்டு, அதைச் சூழும் உறைதான் இல்லை.

இழை என்ற ஒரு சொல், மூன்று இடங்கள்

இழையம், இழைமணி, இழையுருப்பிரிவு. மூன்றிலும் இழை இருக்கிறது, மூன்றும் வேறு.

இழையம் என்பது இலங்கை வழக்கில் திசு. திசு தமிழ்ச்சொல் போல ஒலித்தாலும், நெய்யப்பட்டது என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் ஒலிபெயர்ப்புதான். இழையம் அந்த நெசவைத் தமிழில் காப்பாற்றியிருக்கிறது. ஒரே வகை வேலைக்காகச் சேர்ந்திருக்கும் செல்களின் தொகுதி என்பதே வரையறை.

இழைமணி மைட்டோகாண்ட்ரியா. 1898இல் கார்ல் பெண்டா வைத்த பெயர்: மிட்டோஸ் என்றால் நூல், காண்ட்ரியான் என்றால் சிறுமணி. நுண்ணோக்கியில் சில இடங்களில் நூலாகவும் சில இடங்களில் மணியாகவும் தெரிந்ததால் இரண்டும் பெயரில் ஏறின. மூலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தும் கொஞ்சமும் முடமாகாத அரிய சொற்களில் இழைமணி ஒன்று. அது செய்யும் வேலையை, அதாவது செல்லுக்கு ஆற்றல் ஆக்கித் தருவதை, பெயர் சொல்லவில்லை என்று குறைப்படுவோர் உண்டு. மூலப் பெயரும் சொல்லவில்லையே. அந்த வேலை தெரியவந்ததே பின்னாளில்தான்.

இழையுருப்பிரிவு என்பது மைட்டாசிஸ். 1882இல் வால்தர் பிளெமிங் சாலமாண்டர் குஞ்சுகளின் செல்களுக்குச் சாயமேற்றிப் பார்த்தபோது, பிரியும் செல்லின் உட்கருவில் நூல் நூலாக ஏதோ திரண்டு, பிளந்து, இரு பக்கமும் விலகுவதைக் கண்டார். அதே மிட்டோஸ் இங்கும் வந்தது. அந்த நூல்களுக்கு 1888இல் வால்டையர் குரோமோசோம் என்று பெயர் வைத்தார்: குரோமா நிறம், சோமா உடல். நிறமூர்த்தம் என்ற தமிழாக்கம் இதை அப்படியே பிடிக்கிறது; நிறப்புரி என்றும் சொல்வார்கள். இரண்டுமே ஒரு பொய்யான படத்தைத் தரக்கூடும். குரோமோசோமுக்குச் சொந்த நிறம் கிடையாது, ஏற்றிய சாயத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவே. இந்த ஒரு சொல்லில் குரோமோசோம் என்றே எழுதுவது எனக்குச் சரியாகப் படுகிறது. தமிழ்ப் பெயர்கள் இரண்டாகப் பிரிந்து கிடக்கின்றன, கடன்சொல்லோ எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கிறது.

மைட்டாசிஸ், மியாசிஸ் இணையில் நிலைமை நேரெதிர். காதுக்கு இரண்டும் ஒன்றுபோல விழுகின்றன. தேர்வில் இடம் மாறி எழுதப்படும் சொற்களில் இவற்றுக்கு முதலிடம் தரலாம். மியாசிஸ் என்றால் கிரேக்கத்தில் குறைதல். ஒடுக்கற்பிரிவு, குன்றல் பகுப்பு ஆகிய தமிழ்ப் பெயர்கள் அந்தக் குறைதலைக் காதிலேயே போட்டுவிடுகின்றன. எது குறைகிறது? குரோமோசோம் எண்ணிக்கை. மனிதரில் இழையுருப்பிரிவு 46ஐ 46ஆகவே வைத்து இரண்டு செல்களைத் தரும். ஒடுக்கற்பிரிவு 46ஐ 23 ஆக்கி நான்கு செல்களைத் தரும். ஒடுக்கற்பிரிவில் அடுத்தடுத்து இரண்டு பிரிவுகள் நடக்கின்றன என்பதும், எண்ணிக்கை பாதியாவது அவற்றுள் முதலாவதில் மட்டும் என்பதும் அடிக்கடி விடுபடும். இரண்டாவது பிரிவு ஏறத்தாழ இழையுருப்பிரிவு போலத்தான் நடக்கும்.

எண்ணுவதிலும் ஒரு பிசகு நேரும். பிரிவுக்கு முன் டி.என்.ஏ. இரட்டித்த பிறகு செல்லில் எத்தனை குரோமோசோம் என்று கேட்டால் 92 என்று எழுதுவார்கள். 92 என்பது குரோமாட்டிடுகளின், அதாவது இரட்டித்ததால் வந்த ஒத்த இழைகளின், எண்ணிக்கை. இரண்டு குரோமாட்டிடும் சென்ட்ரோமியர் என்னும் ஒரே இணைப்பிடத்தில் ஒட்டியிருக்கும்வரை அது ஒரு குரோமோசோம்தான், ஆகவே 46. சென்ட்ரோமியரை எண்ணினால் தப்பு வராது.

சவ்வூடு பரவல்

ஆஸ்மாஸிஸ் என்பதன் வேர் தள்ளுதல் என்னும் பொருள்கொண்ட கிரேக்கச் சொல். இலங்கையில் பிரசாரணம், தமிழ்நாட்டில் சவ்வூடு பரவல். பின்னதைப் பார்த்தவுடன் பொருள் தெரிகிறது என்பதே அதன் பலமும் பலவீனமும். சவ்வின் ஊடாகப் பரவுவது எதுவானாலும் சவ்வூடு பரவல்தானே என்று தோன்றும். ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும்கூடச் சவ்வின் ஊடாகத்தான் பரவுகின்றன. அவை வெறும் பரவல். சவ்வூடு பரவல் என்ற பெயர் நீருக்கு, பொதுவில் கரைப்பானுக்கு, மட்டும் உரியது. சவ்வு கரைபொருளைத் தடுத்து நீரை விடுவதாக இருக்க வேண்டும்.

மதிப்பெண் போகும் இடம் வரையறையின் நடுவில் இருக்கிறது. 'செறிவு அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு' என்று பரவலுக்கு மனப்பாடம் செய்ததை இங்கும் ஒட்டிவிடுகிறார்கள். எதன் செறிவு? உப்புக்கரைசலில் செறிவு என்று சொன்னால் கேட்பவர் உப்பைத்தான் நினைப்பார். நீர் போவதோ உப்பு குறைவான பக்கத்திலிருந்து உப்பு மிகுந்த பக்கத்துக்கு. வரையறையில் 'கரைபொருளின் செறிவு' அல்லது 'நீர் மூலக்கூறுகளின் செறிவு' என்று பெயர் சொல்லி எழுதாவிட்டால் விடை பாதி தப்பு.

இதைக் கண்ணால் பார்க்கச் சிவப்பு வெங்காயம் போதும். சதைச்செதிலின் வெளிப்புறத்தில் ஊதா நிறம் படிந்த மெல்லிய தோலைச் சுமார் அரை சென்டிமீட்டர் சதுரமாக உரித்து, கண்ணாடித் தகட்டில் ஒரு துளி நீரில் மடிப்பில்லாமல் பரப்ப வேண்டும். மேலே மூடும் மெல்லிய கண்ணாடியான மூடுவில்லையின் ஒரு விளிம்பை நீரில் தொட வைத்துச் சாய்வாக மெல்ல இறக்க வேண்டும். தொப்பென்று போட்டால் காற்றுக்குமிழிகள் சிக்கி, அவற்றின் கறுத்த விளிம்பையே செல் சுவர் என்று வரைந்து வைப்பார்கள். சாயம் தேவையில்லை, செல்லுக்குள் சாறு நிரம்பிய பையான வெற்றிடக்குமிழியின் சாறே நிறமுள்ளது. மூடுவில்லையின் ஒரு பக்கம் 10 விழுக்காட்டு உப்புக்கரைசலை ஒரு துளி விட்டு, எதிர்ப்பக்கம் வடிதாளை வைத்து உறிஞ்சினால் கரைசல் அடியில் ஊடுருவும். சில நிமிடங்களில் நிறமுள்ள பகுதி சுருங்கிச் சுவரை விட்டு விலகும்.

இதற்குத் தமிழ்நாட்டு நூல்களில் பிளாஸ்மா சிதைவு என்று பெயர். இலங்கையில் முதலுருச் சுருக்கம். இங்கே இலங்கைச் சொல்தான் நேர்மையானது. அதே தகட்டில் அதே முறையில் நீரை ஊடுருவ விட்டால், உள்ளிருப்பது மறுபடி விரிந்து சுவரோடு ஒட்டிவிடும். சிதைந்தது இப்படித் திரும்பி வருமா? மூலச்சொல்லான பிளாஸ்மாலிசிஸின் பின்பாதிக்குக் கிரேக்கத்தில் 'பிரிதல், தளர்தல்' என்று பொருள். அதைச் 'சிதைவு' என்று மொழிபெயர்த்ததில் வந்த வினை இது. உப்பு மிக அடர்த்தியாக இருந்தாலோ நெடுநேரம் விட்டாலோ செல் செத்துப் போகும், பிறகு நீர் ஊற்றியும் மீளாது. கொதிநீரில் போட்டெடுத்த தோலில் சுருக்கமே தெரியாது. சவ்வு கெட்டு, நிறம் வெளியே கசிந்துவிடும். அங்கேதான் சிதைவு என்ற சொல் பொருந்தும்.

சுவாசம், ஒளிச்சேர்க்கை, நொதி

சுவாசம் என்றால் மூச்சு. இலத்தீன் மூலமும் மூச்சையே சொல்வதால் இந்தப் பொறி இரண்டு மொழியிலும் இருக்கிறது. செல் சுவாசம் என்பது குளுக்கோஸைப் படிப்படியாக உடைத்து, அதன் ஆற்றலை ஏ.டி.பி. என்னும் ஆற்றல் தாங்கும் மூலக்கூறில் சேர்க்கும் வேதிவினை, நுரையீரலோ மூக்கோ அதற்கு வேண்டியதில்லை. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்கு 36 அல்லது 38 ஏ.டி.பி. என்பது பழைய கணக்கு, இன்று 30 முதல் 32 என்பார்கள். காற்றை உள்ளிழுத்து வெளிவிடுவதை மூச்சுவிடுதல் என்று தனியாக எழுதிவிட்டால் குழப்பம் தீரும். 'தாவரங்கள் பகலில் ஒளிச்சேர்க்கை, இரவில் சுவாசம் செய்கின்றன' என்ற விடை தவறு. சுவாசம் பகலும் இரவும் நிற்காது.

ஒளிச்சேர்க்கையில் ஒளி சேர்வதில்லை, ஒளியின் ஆற்றலால் சர்க்கரை சேர்த்துக் கட்டப்படுகிறது. ஒளித்தொகுப்பு என்ற மாற்றுப்பெயர் இதை இன்னும் தெளிவாகச் சொல்கிறது. பச்சையம் நிறமி, பசுங்கணிகம் அந்த நிறமி இருக்கும் உறுப்பு. ஒன்று கேட்டால் மற்றொன்றை எழுதக்கூடாது. சேர்க்கை என்ற சொல் மகரந்தச் சேர்க்கையிலும் ஆளை ஏமாற்றும். மகரந்தத்தூள் சூலகமுடியில் போய் விழுவதோடு அது முடிந்துவிடும். ஆண், பெண் இனச்செல்கள் ஒன்றாவது கருவுறுதல், அது பிறகு சூலினுள் நடப்பது.

நொதி, நொதித்தலிலிருந்து வந்தது. 1870களில் வில்ஹெல்ம் கூனே என்சைம் என்று பெயர் வைத்தபோது கிரேக்கத்தில் அவர் எடுத்துக்கொண்டதும் 'புளித்த மாவில்' என்ற பொருள்தான். ஆகவே இதில் மூலமும் தமிழும் ஒரே வழியில் வந்தவை. நொதித்தலுக்கு உயிருள்ள செல் வேண்டியதில்லை, அதிலிருந்து பிழிந்த சாறே போதும் என்று 1897இல் எட்வர்ட் பூக்னர் காட்டினார். ஆனால் தனித்தனி நொதிகளின் பெயரைத் தமிழாக்க முனையாதீர்கள். அமிலேஸ், லிப்பேஸ், புரோட்டியேஸ் என்று முடியும் அந்த 'ஏஸ்' ஓர் அடையாளக்குறி: முன்னே நிற்பது எதன் மேல் வேலை செய்கிறது என்பதையும், பின்னே நிற்பது இது நொதி என்பதையும் சொல்லும். அமிலேஸில் இருப்பது அமிலம் அன்று. ஸ்டார்ச்சுக்கான 'அமிலம்' என்ற இலத்தீன் சொல். இந்த ஒலி ஒற்றுமையால் அமிலேஸ் இரைப்பையின் அமிலத்தில் வேலை செய்வதாக எழுதுகிறார்கள். உமிழ்நீரின் அமிலேஸுக்கு நடுநிலையை ஒட்டிய சூழல் வேண்டும். இரைப்பை அமிலத்தில் அது செயலிழந்துவிடும்.