கிராங்க்செட்: வணரியும் பல்லிணையும்

ரோடு பைக், அதாவது தார்ச்சாலையில் வேகமாக ஓட்டும் சைக்கிள், வாங்கக் கிளம்பும் பலர் முதலில் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். விவரப் பட்டியலில் 'கிராங்க்செட் 50/34' என்று ஒரு வரி இருக்கும், பக்கத்து மாடலில் 52/36, இன்னொன்றில் 'கம்பாக்ட்' என்று மொட்டையாக ஒரு சொல். பெயரும் புரியாது, எண்ணும் புரியாது. நான் பெயரிலிருந்து தொடங்குகிறேன்.

'கிராங்க்' பழைய ஆங்கிலச் சொல். அந்தக் காலத்தில் நெசவுக் கருவி ஒன்றின் பெயரில் ஒட்டிக்கொண்டிருந்தது. மூலப் பொருள் வளைவு, மடங்கல். நேரான தண்டு ஒன்று ஓரிடத்தில் மடங்கி நிற்கிறது, அந்த மடங்கிய பகுதியைப் பிடித்துச் சுற்றினால் தண்டே சுழல்கிறது, அவ்வளவுதான் விஷயம். கையால் ஓட்டும் தையல் மிஷினின் கைப்பிடியை நினைத்துக்கொள்ளுங்கள். சைக்கிளில் கைக்குப் பதில் கால். கால் மேலும் கீழும் போகிறது, சக்கரம் வட்டமடிக்கிறது, நடுவில் நின்று ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது இந்த மடங்கிய கை. (கிறுக்குப் பிடித்த ஆளை நாம் 'கிராக்கு' என்கிறோமே, அது வேறு ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் ஆங்கிலக்காரர்கள் அப்படிப்பட்ட ஆளைக் 'கிராங்க்' என்றும் சொல்வதுண்டு!)

தமிழில் இதற்கு வணரி. வலிந்து உண்டாக்கியதுபோல் காதில் விழலாம், ஆனால் வேர் பழையது. வணர் என்றால் வளைவு. யாழின் வளைந்த தண்டை 'வணர்கோடு' என்று சங்கப் பாடலிலேயே பார்க்கலாம். ஆங்கிலச் சொல்லின் அடியிலும் வளைவு, தமிழ்ச் சொல்லின் அடியிலும் வளைவு. இப்படி அமைவது அரிது. 'செட்' என்பதைத் தொகுதி என்று வைத்தால் கிராங்க்செட் வணரித்தொகுதி ஆகிறது: இரண்டு வணரிகள், அவற்றை இணைக்கும் அச்சு, வலப்பக்கம் சங்கிலி ஓடும் ஒன்றோ இரண்டோ பல்வளையங்கள். பட்டறையில் இந்த வளையத்தைச் செயின் வீல் என்பார்கள். அங்கே போய் பல்வளையம் என்று கேட்டால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், எழுதும்போது மட்டும் நான் அதைப் பயன்படுத்துகிறேன்.

50/34 என்பது அந்த வளையங்களின் பல் எண்ணிக்கை. பெரியதில் 50, சிறியதில் 34.

இப்போது 'கியர்'. குழப்பத்துக்கெல்லாம் காரணம் இந்தச் சொல்தான். பழைய நார்ஸ் மொழியில் தளவாடம், சாமான், உடுப்பு என்ற பொருளில் இருந்த சொல் மெல்ல மெல்ல எந்திரத்துக்கு வந்து, பல்சக்கரத்துக்கும் கியர், வேகப்படிக்கும் கியர், முன்னால் இருப்பதும் கியர், பின்னால் இருப்பதும் கியர் என்று ஆகிவிட்டது. 'பெரிய கியரில் ஏறினேன்' என்று ஒருவர் சொன்னால் என்ன அர்த்தம்? முன்னால் பெரிய வளையம் என்றால் மிதி கனக்கும், பின்னால் பெரியது என்றால் மிதி இலேசாகும். நேர் எதிர்! தமிழில் கியருக்குச் சொல்லும் 'பல்லிணை' இந்தச் சிக்கலை ஒரே அடியில் தீர்க்கிறது, ஏனென்றால் அதில் 'இணை' இருக்கிறது. ஒற்றைச் சக்கரம் பல்லிணை ஆகாது. முன்னால் 34, பின்னால் 28, இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு பல்லிணை. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1.21, அதாவது மிதி ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் 1.21 சுற்றுச் சுற்றும். ரோடு பைக் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர், ஆகவே ஒரு மிதிச் சுற்றுக்கு இரண்டரை மீட்டர் போகிறீர்கள்.

இந்த வகுத்தலைச் செய்யாமல் கிராங்க்செட்டை மட்டும் பார்த்து முடிவெடுப்பது பாதிக் கணக்கு. நான் முதலில் வாங்கிய வண்டியில் அந்தப் பாதிக் கணக்கைத்தான் போட்டேன். பந்தய வீரர்கள் ஓட்டுவது 53/39 என்று எங்கோ படித்துவிட்டு அதையே எடுத்தேன், பின்னால் பெரிய பல்சக்கரம் 25. முதல் நீண்ட ஏற்றத்திலேயே முழங்கால் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது.

ஏற்றத்தில் நீங்கள் மணிக்கு 9 கிலோமீட்டர் போகக்கூடியவர் என்று வையுங்கள். 34-க்கு 34 என்ற பல்லிணையில் நிமிடத்துக்கு 70 சுற்றுக்குக் கொஞ்சம் மேலே மிதித்தால் அந்த வேகம் வரும், மூச்சும் நிதானமாக இருக்கும். அதே வேகத்துக்கு 39-க்கு 28-இல் 51 சுற்றுதான் கிடைக்கும், ஒவ்வொரு மிதியும் கல்லைத் தள்ளுவதுபோல் இருக்கும். மறுமுனையைப் பாருங்கள்: 50-க்கு 11-இல் 90 சுற்று மிதித்தால் மணிக்கு 51 கிலோமீட்டருக்கு மேல். 53-க்கு 11 என்றால் ஏறக்குறைய 55. இறக்கத்தில் அந்த வேகத்தில் நம்மில் எத்தனை பேர் மிதிக்கிறோம்? கையை பிரேக்கில் வைத்துக்கொண்டு சும்மா உருண்டு வருவோம். அதனால் என் கட்சி: கிராங்க்செட்டைத் தேர்வதற்கு மேல்முனையை, அதாவது மிக வேகமான பல்லிணையைப் பார்க்காதீர்கள், நீங்கள் ஏறும் மிகச் செங்குத்தான ஏற்றத்துக்குக் கீழ்முனை, அதாவது மிக இலேசான பல்லிணை, போதுமா என்று பாருங்கள். பெரும்பாலோருக்கு 50/34 சரி, பின்னால் 32 அல்லது 34 பல். சமதளத்தில் கூட்டமாக வேகம் பிடிப்பவர்களுக்கு 52/36. மண்பாதை, மூட்டை முடிச்சு என்றால் 46/30 மாதிரி இன்னும் சிறியது.

'கம்பாக்ட்' என்ற பெயருக்கு வருவோம். வணரி குட்டையாக இருக்கும் என்று நினைத்தால் தப்பு. பல்வளையத்தை வணரியோடு பிணைக்கும் திருகுகள் ஒரு வட்டத்தில் அமைந்திருக்கும். பழைய 'ஸ்டாண்டர்டு' வகையில் பெரும்பாலும் அந்த வட்டத்தின் விட்டம் 130 மி.மீ. அதில் 38 பல்லுக்குக் கீழே வளையம் மாட்ட இடமே இல்லை. விட்டத்தை 110 ஆகச் சுருக்கியதும் 34 மாட்ட முடிந்தது. சுருங்கியது அந்த வட்டம், பெயரும் அதற்குத்தான். லத்தீன் மூலத்தில் இச்சொல்லுக்கு 'சேர்த்துப் பிணைத்தது' என்று பொருள், திருகு வட்டத்துக்குப் பொருத்தமாகத்தான் போயிருக்கிறது. தமிழில் கச்சிதம் என்றால் போதும், கச்சித வணரித்தொகுதி. இப்போதைய புதிய வகைகள் சிலவற்றில் பெரிய வளையங்களும் 110 விட்டத்திலேயே வருவதால் பெயரை நம்பாமல் பல்லை எண்ணுவது நல்லது.

கம்பாக்டில் ஒரு தொந்தரவும் உண்டு, சொல்லிவிடுகிறேன். 50-க்கும் 34-க்கும் நடுவில் 16 பல் இடைவெளி. முன்னால் பெரியதிலிருந்து சிறியதற்கு மாற்றியதும் கால் திடீரென்று காற்றில் சுற்றுவதுபோல் ஆகும், உடனே பின்னால் இரண்டு படி சிறிய பல்சக்கரத்துக்குப் போக வேண்டும். பழகிவிடும். அப்புறம், பின்னால் 34 பல் போடுவதற்கு முன் உங்கள் பின் டிரெயிலியர் (சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் கருவி) அவ்வளவு பெரியதைத் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் 165, 170, 172.5 என்று இன்னொரு எண் இருக்கும். அது பல் இல்லை, வணரியின் நீளம், மி.மீ. கணக்கில். நீள வணரி போட்டால் ஏற்றம் எளிதாகும் என்று நினைத்து இதில் காசை விடுபவர்கள் உண்டு. 170-ஐ 175 ஆக்கினால் நெம்புவிசையில் கிடைப்பது 3 சதவீதம்கூட முழுதாக இல்லை. முன்னால் 36-ஐ 34 ஆக்கினால் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.